கம்பர்லண்டுக்கு அப்புறம் சிக்னல் இல்லை

ஏப்ரல் 14, 2025, திங்கள்

சித்திரை ஒன்று. பிட்ஸ்பர்க்கின் பென் ஹில்ஸ் கோயிலில் நல்ல கூட்டம். பெருமாளிடம் என்ன கேட்பது என்று வரிசையில் நிற்கும்போதே தீர்மானித்து வைத்திருந்தேன். சன்னதிக்கு முன்னால் போனதும் அது மறந்துபோய், சைக்கிள் பயணத்தில் நாங்கள் தாண்டவேண்டிய பிக் சாவேஜ் சுரங்கப்பாதை திறந்தாயிற்றா என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. குளிர்காலம் முழுக்கக் கதவு போட்டுப் பூட்டி, ஏப்ரலில்தான் திறப்பார்கள். கேன்டீனில் புளியோதரை. பையன் இரண்டு தட்டு. இவள் தன் தட்டை அப்படியே வைத்திருந்தாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மச்சினன் நியூ ஜெர்சி எடிசனிலிருந்து கூப்பிட்டான். "அத்தான், நெசமாவே போறோமா?"

நிஜமாகத்தான்.

ஏப்ரல் 17, வியாழன்

பிட்ஸ்பர்க் பாயின்டில் மூன்று ஆறும் சேரும் இடத்திலிருந்து ஆரம்பம். கம்பர்லண்ட் வரைக்கும் 150 மைல், கிரேட் அலெகெனி பாசேஜ். பழைய ரயில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுச் சுண்ணாம்புக்கல் தூள் போட்டுச் சமன்செய்த பாதை. அங்கிருந்து சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஓஹையோ) என்ற பழைய படகுக் கால்வாயின் கரை, வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை 184.5 மைல். ஒரு கார் கிடையாது. இந்த ஊருக்கு வந்த புதிதிலேயே ஆபீஸில் ஒருவர் சொன்னார். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று போனது. லீவு கிடைக்காது, கிடைத்தால் ஊருக்குப் போகணும். இப்போது வேலையே போயிற்று, லீவு என்ற பிரச்சினையே இல்லை.

ரயில் போன பாதை என்பதால் ஏற்றம் மிரட்டாது. ரயில் எஞ்சினால் ஏற முடிந்ததைத்தான் கால் ஏறணும். டீல் என்கிற இடத்துக்குப் பக்கத்தில் உச்சி, 2,392 அடி. அங்கே விழுகிற மழை ஒரு பக்கம் மெக்சிகோ வளைகுடாவுக்கும் மறுபக்கம் செசபீக் விரிகுடாவுக்கும் போகிறதாம். அதைத் தாண்டினால் கம்பர்லண்ட் வரை 24 மைல் இறக்கம், பெடல் மிதிக்க வேலையே இல்லை.

பயம் அதற்கப்புறம்தான். கால்வாய்க் கரை மண். மழை பெய்தால் சேறு.

ஏப்ரல் 19, சனி

சோபாவைப் பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். உட்கார்ந்து பார்த்தார்கள், எழுந்து பார்த்தார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள்.

சைக்கிளுக்குப் பின்கேரியரில் மாட்டும் பை ஒரு ஜோடி வந்தது. தண்ணீர் புகாது.

"ஏங்க, வீட்டுச் சாமானையெல்லாம் வித்துக்கிட்டிருக்கோம். நீங்க சைக்கிளுக்குப் பை வாங்கியிருக்கீங்க."

பதில் இல்லாத கேள்வி. அது கேள்வியாகவும் இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

விசா வக்கீல் கூப்பிட்டார். வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குக் கிளம்பணும் என்று காலண்டரில் ஜூனில் சிவப்பு வட்டம் போட்ட தேதி அப்படியேதான் இருக்கிறது.

ஏப்ரல் 23, புதன்

தண்ணீர்.

கால்வாய்க் கரையில் சுமார் ஐந்தாறு மைலுக்கு ஒரு கூடாரத் திடல். காசு இல்லை, முன்பதிவு இல்லை. முதலில் வந்தவருக்கு இடம், ஒரு ராத்திரிதான். ஒரு மேசை, நெருப்பு மூட்ட ஒரு வளையம், ஒரு கக்கூஸ், ஒரு அடிபம்பு. அந்த அடிபம்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. பூங்காக்காரர்கள் அயோடின் போட்டுச் சுத்தம் செய்கிறார்கள். சோதனையில் தேறாத பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். எந்தப் பம்பில் கைப்பிடி இருக்கும் என்பது அங்கே போய் நிற்கும்போதுதான் தெரியும். மச்சினனுக்கு வேறு தைராய்டு. அயோடின் தண்ணீரை அவன் குடிக்கலாமா? டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். "போங்க அத்தான், ஆத்துத் தண்ணிய ஃபில்டர்ல புடிச்சுக்குவோம்" என்கிறான். பக்கத்திலேயே போடோமாக் ஓடுகிறது, சரி. ஆனால் அந்தக் கரைக்கு மேலேயெல்லாம் வயல்கள், வயலுக்குப் போட்ட மருந்துகள். ஃபில்டர் கிருமியைப் பிடிக்கும், மருந்தைப் பிடிக்குமா?

ஊர்களில் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொள்வது. ஆளுக்கு நான்கு லிட்டர். நான்கு லிட்டர் என்றால் நான்கு கிலோ. சமையலறைத் தராசில் கூடாரத்தை வைத்தேன்: 1,940 கிராம். முளைக்கம்பிகளை மாற்றினால் நூறு கிராம் குறையும்.

ஏப்ரல் 24, வியாழன்

இவள் சொல்கிறாள், நூறு கிராம் குறைக்க நாற்பது டாலர் செலவழிக்கிற ஆள் உலகத்திலேயே நீங்கள்தான். இல்லை. இணையத்தில் என்னைவிட மோசமானவர்கள் இருக்கிறார்கள். பல் தேய்க்கும் பிரஷ்ஷைப் பாதியாக வெட்டுகிறார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அப்பாவிடம் வீடியோவில் பேசினேன். பயணத்தை மட்டும் சொன்னேன்.

"ராத்திரி எங்கடே படுப்ப?"

"கூடாரம்பா."

"காவலுக்கு யாரு?"

யாரும் இல்லை என்றேன். சிரிக்கவில்லை. கரடி உண்டா என்று கேட்டார். இருக்கிறது, நம்மைக் கண்டால் ஓடிவிடும், சாப்பாட்டை மட்டும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது என்றேன். உண்ணிதான் நிஜத் தொந்தரவு, லைம் நோய் வரும், ராத்திரி உடம்பெல்லாம் தடவிப் பார்க்கணும். அதைச் சொல்லவில்லை. கடைசியில் கேட்டார்: "ரெண்டு வீலுக்கும் கோட்டம் எடுத்துட்டியா? பாரம் ஏத்துனா பின் வீலு ஸ்போக்குதான் மொதல்ல போவும்." கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறார். இன்றுதான் எடுத்திருந்தேன்.

மற்றதைக் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் காற்று. இந்த ஊரில் இப்படி ஒரு காற்றை நான் பார்த்ததில்லை. எதிர்வீட்டு ஓக் மரம் வேரோடு சாய்ந்து கம்பியை இழுத்துக்கொண்டு விழுந்தது. மின்சாரம் போயிற்று.

ஏப்ரல் 30, புதன்

லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லை. மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை. பால்கனியில் முகாம் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டேன். 4 நிமிடத்தில் கொதித்தது, காற்றுத் தடுப்பு இல்லாமல் 7 நிமிடம். இவளே ஒரு கப் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

சோபா போன இடத்தில் கூடாரம் போட்டுப் பையன் உள்ளே படுத்திருக்கிறான். (விற்றுவிட்டது. தம்பதி இல்லை, ஒரு மாணவன், எண்பது டாலர்.)

போனை காரில் வைத்து சார்ஜ் செய்கிறேன். வேலை விஷயமாக யாராவது கூப்பிட்டால்?

மே 2, வெள்ளி

இன்னும் இல்லை. பாதையில் எத்தனை மரம் விழுந்து கிடக்குமோ. மெக்கீஸ்போர்ட் வரை ஒரு எட்டு ஓட்டிப் பார்த்து வரலாம் என்று கிளம்பி, இவள் முகத்தைப் பார்த்துத் திரும்பி வந்து, ஃப்ரிட்ஜில் கெட்டுப்போனதையெல்லாம் வெளியே எடுத்துக் கொட்டினேன்.

மே 3, சனி

மின்சாரம் வந்தது. மெயில் பெட்டியைத் திறந்தேன். ஒன்றும் இல்லை.

மே 5, திங்கள்

பாவ் பாவ் சுரங்கப்பாதை பற்றி ராத்திரி இரண்டு மணி வரை படித்துக்கொண்டிருந்தேன். 3,118 அடி நீளம். உள்ளே விளக்கு கிடையாது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மரத்தடுப்பு, அதற்கு அந்தண்டை கால்வாய்த் தண்ணீர். எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். 1836இல் தோண்ட ஆரம்பித்தபோது இரண்டு வருஷ வேலை என்று கணக்குப் போட்டார்கள். நடுவில் காசு தீர்ந்தது, வேலை நின்றது, 1850இல்தான் படகு போனது. 14 வருஷம். இந்த நாட்டில் வரிசையில் நின்று பழகியவனுக்கு அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

இன்னொன்று. கால்வாய்க்கு 1828 ஜூலை 4ஆம் தேதி பூமி பூஜை போட்ட அன்றைக்கே, பால்டிமோரில் பி அண்ட் ஓ ரயில்வேக்கும் போட்டார்கள். ரயில் கம்பர்லண்டுக்கு 1842இலேயே வந்து சேர்ந்தது. கால்வாய் எட்டு வருஷம் கழித்து வந்தது. வரும்போதே பழசு. ஆனாலும் 1924 வெள்ளம் வரைக்கும் கோவேறுகழுதை கட்டி நிலக்கரி இழுத்திருக்கிறார்கள். கழுதையை ஓட்டியவனுக்கு மேலேயிருந்து ரயில் சத்தம் கேட்டிருக்கும், தினமும்.

தூக்கம் வரவில்லை. ஐ.ஐ.டி. முடித்த பையன்கள் ஏ.ஐ. எழுதுகிற ப்ரோகிராம்களைப் பற்றி மூன்று பேர் அனுப்பிய கட்டுரையை மூன்று முறை படித்தேன்.

மே 6, செவ்வாய்

வேலை விஷயமாக ஒரு போன். பத்து நிமிடம். "நாங்கள் தொடர்பு கொள்கிறோம்."

மே 8, வியாழன்

மச்சினனுக்கு நினைவு தின விடுமுறையைச் சேர்த்துத்தான் லீவு. ஆக மே 24 சனி கிளம்பினால், ஒவ்வொரு நாளும் போய்ச் சேரும் இடம்: கானல்ஸ்வில், ராக்வுட், கம்பர்லண்ட் தாண்டி எவிட்ஸ் கிரீக், டெவில்ஸ் ஆலி, லிக்கிங் கிரீக், கில்லியன்ஸ்பர்க் கேவ், ஹார்ஸ்பென் பிராஞ்ச், ஜார்ஜ்டவுன். நீண்ட வார இறுதி, பாதையெல்லாம் கூட்டமாக இருக்கும். கானல்ஸ்வில்லில் பாதையோரமே மரக் குடில்கள் உண்டு, இலவசம், ஆனால் அந்தச் சனிக்கிழமை இடம் கிடைப்பது சந்தேகம். எதிர்க்கரையில் சரக்கு ரயில் ராத்திரி முழுக்கப் போகும் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது பரவாயில்லை. அமைதியாக இருந்தால்தான் நான் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறேன்.

திரும்பி வர ரயில். கேபிடல் லிமிடெட்டை இப்போது நீட்டி ஃப்ளோரிடியன் என்று மியாமி வரை விட்டிருக்கிறார்கள். வாஷிங்டனில் மத்தியானத்துக்கு மேல் ஏறினால் நள்ளிரவு வாக்கில் பிட்ஸ்பர்க். சைக்கிளுக்குத் தனியாக முன்பதிவு வேண்டும், ஒரு ரயிலில் சில இடங்கள்தான். கேஸ் உருளையை ரயிலில் ஏற்றக் கூடாது. மிச்சத்தை வாஷிங்டனில் யாருக்காவது கொடுத்துவிடணும்.

சாப்பாடு தீர்மானமாயிற்று: அவல், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நல்லெண்ணெய் 200 மில்லி. அவலுக்கு அடுப்பே வேண்டாம், தண்ணீர் போதும். திரும்பவும் தண்ணீர்.

மே 10, சனி

தராசைக் கேட்டு ஒரு பெண்மணி வந்தார். பட்டியலில் இவள் அதையும் போட்டிருக்கிறாள். விற்பனைக்கு இல்லை என்று அனுப்பிவிட்டேன். சாயங்காலம் வரை பேச்சுவார்த்தை இல்லை.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். பையன் வரைந்த அட்டையில் நாங்கள் மூவரும், விமானமும். விமானம் எந்தப் பக்கம் போகிறது என்று அவன் சொல்லவில்லை.

அவனும் வரணும் என்கிறான். பள்ளி இருக்கிறதே. "ஸ்கூல்தான் மாறப்போகுதேப்பா." யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம்.

மே 13, செவ்வாய்

மேரிலாந்தில் வெஸ்டர்ன்போர்ட்டில் வெள்ளம். பள்ளிக்கூடத்துக்குள் தண்ணீர் ஏறி, பிள்ளைகளைப் படகில் வெளியே கொண்டுவந்தார்கள். கம்பர்லண்டுக்கு மேலே, அதே போடோமாக்கின் வடகிளையில். அந்தத் தண்ணீர் அத்தனையும் நாங்கள் போகும் கரையோரமாகத்தான் இறங்கிப் போகும். ஆற்று மட்டம் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கோடு ஏறுகிறது. பிள்ளைகள் படகில் உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்தபின் சேற்றைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதைத்தான் யோசிக்கிறேன்.

மே 14, புதன்

கோடு இன்னும் இறங்கவில்லை.

மே 15, வியாழன்

"கான்சல் பண்ணிடலாமா அத்தான்?" என்கிறான். அவன் மனைவி பேசுகிறாள், அவன் வாயால். 1954இல் இந்தக் கால்வாயை மூடி கார்ச் சாலை போடலாம் என்று வாஷிங்டன் போஸ்ட் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், என்னோடு முழுதும் நடந்து பாருங்கள் என்று ஆசிரியர்களைக் கூப்பிட்டார். ஐம்பது பேருக்கு மேல் கொஞ்ச தூரமாவது கூட நடந்தார்கள், கம்பர்லண்டிலிருந்து முழுத் தூரமும் நடந்து முடித்தவர்கள் அவரோடு சேர்த்து ஒன்பது. சாலை வரவில்லை. 1971இல் தேசியப் பூங்கா ஆனது. இதையெல்லாம் அவனுக்கு வாட்ஸாப்பில் எழுதினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது.

மே 16, வெள்ளி

கோடு இறங்குகிறது. ரயில் போட்டாயிற்று, ஜூன் 1, இரண்டு ஆள், இரண்டு சைக்கிள்.

மே 17, சனி

பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்தேன். முன்னால் ஆடுகிறது. கனத்தைக் கீழே இறக்கிக் கட்டணும், தண்ணீர் பாட்டிலைச் சட்டத்தில் மாட்டணும். இவள் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளே வந்தபோது புளிக்காய்ச்சல் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் கூடுதலாக விட்டால் கெடாது என்றாள். அது கனம் கூடுமே என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

மே 19, திங்கள்

மெயில். இன்டர்வியூவில் அடுத்த சுற்று, வீடியோவில், நான்கு பேர் சேர்ந்து. மே 27 செவ்வாய், மதியம் இரண்டு மணி. அந்த ஒரு நேரம்தான், மாற்ற முடியாதாம்.

செவ்வாய் இரண்டு மணிக்கு நான் பாவ் பாவில் இருப்பேன்.

மே 20, செவ்வாய்

வரைபடத்தை விரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கம்பர்லண்டை விட்டால் ஹான்காக் வரை அறுபது மைல், சிக்னலை நம்ப முடியாது. திங்கள் ராத்திரி எவிட்ஸ் கிரீக் போகாமல் கம்பர்லண்டிலேயே தங்கி, செவ்வாய் அங்கேயே பேசிவிட்டு மூன்றரைக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் டவுன் கிரீக், ஜார்ஜ்டவுனிலிருந்து எண்ணினால் 162ஆம் மைல். புதன் அங்கிருந்து லிக்கிங் கிரீக், 46 மைல். முடியும். கரை காய்ந்திருந்தால் முடியும். நூலகத்தில் அறை தருவார்களா, இல்லை அந்த ஒரு ராத்திரிக்கு ஹோட்டலா என்று பார்க்கணும்.

இவள் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்வாள் என்று பார்த்தேன். "கம்பர்லண்ட்ல ரூம் போடுங்க. குளிச்சுட்டுப் பேசுங்க" என்றாள்.

மச்சினன்: "அத்தான், ஒரு ராத்திரி கட்டில்ல படுக்கலாம்னா நான் ரெடி."

மே 21, புதன்

வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது, அட்டையில் மடித்து பிளாஸ்டிக் உறையில்: 310 கிராம். அட்டையை எடுத்தால் 240. எடுத்தால் கசங்கும். மழைக்கோட்டில் ஒன்று போதும், இரண்டாவதை எடுத்துவிடலாம். பேன்ட் தேவையில்லை, கேமராவில் இடுப்புக்கு மேலேதானே.