ஒரு முழம் கதம்பம், ஐந்து கேமரா

ஜனவரியில் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரே பொருள், ஒரே இடம், ஆறு மாதம். கையில் கிடைக்கிற கேமராவில் எல்லாம் அதையே எடுத்துக்கொண்டு வர வேண்டும். நான் படிப்பது மாலை நேரப் போட்டோகிராபி டிப்ளமோ. பகலில் மும்பை தாதரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கூடப் படிக்கிறவர்கள் கேட்வே, சசூன் டாக், பாந்திரா கோட்டை என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அலைய நேரமில்லை. தினமும் ரயிலுக்கு நடக்கிற வழியில், மாட்டுங்கா ஸ்டேஷனுக்குக் கிழக்கே இருக்கும் பூக்கடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

கடை என்றால் ஒரு மரப்பலகை, இரண்டு கூடை, தலைக்கு மேல் நீலத் தார்ப்பாய். கடைக்காரர் வள்ளியூர்ப் பக்கம். எங்கள் அம்மாவும் அந்தப் பக்கம்தான் என்பதால் முதல் நாளிலேயே எனக்கு அவர் ஆச்சி ஆகிவிட்டார். பக்கத்துக் கடை மவுசி (மராத்தியில் சித்தி) மல்லியை ஊசியில் கோர்த்து கஜ்ரா செய்வார். ஆச்சி ஊசியைத் தொட மாட்டார், விரலாலேயே கட்டி முழம் போட்டுக் கொடுப்பார். நான் எடுத்துக்கொண்ட பொருள் அவர் கட்டும் கதம்பம்: மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து. வெள்ளை, ஆரஞ்சு, பச்சை. மூன்று நிறமும் சேர்ந்து என்னை இவ்வளவு படுத்தும் என்று அப்போது தெரியாது.

முதலில் போன். காலை வெயிலில் எடுத்ததில் கனகாம்பரம் பிளாஸ்டிக் பூ மாதிரி வந்தது. இதழில் ஒரு நரம்பு கூட இல்லை, ஒரே ஆரஞ்சுப் பூச்சு. சிவப்பு சானல், அதாவது படத்தில் சிவப்பைப் பதிவு செய்யும் பங்கு, உச்சிக்குப் போய் முட்டி நின்றுவிட்டது. தார்ப்பாய்க்குள் எடுத்தால் வேறு தொல்லை. நீலம் வழியாக வடிந்து வரும் வெளிச்சத்தில் மல்லி நீலம் பாரித்து, கனகாம்பரம் பழுப்பாகி, வாடிப்போன பூ போலத் தெரிந்தது. ஆச்சி பார்த்துவிட்டு, "நேத்துப் பூன்னு நெனச்சிருவாவ, யாருக்கும் காட்டாத" என்றார். சரி என்று சாயங்காலம் போனேன். கடையில் எல்இடி பல்பு. படம் முழுக்கக் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக விழுந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மினுக்கும், ஷட்டர் அதைவிட வேகமாக ஓடினால் அந்த மினுக்கல்தான் பட்டையாகப் பதிவாகிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்ததும் பட்டை போய்விட்டது. இரண்டு வாரத்தில் போனிடமிருந்து நான் கற்றுக்கொண்டது இவ்வளவே.

பிப்ரவரியில் டிஎஸ்எல்ஆர், லென்ஸ் மாற்றிப் போடும் டிஜிட்டல் கேமரா. கேனான் 1500டி, கூட ஒரு 50 எம்எம் லென்ஸ். அந்த உடம்பில் 50 போட்டால் 80 மாதிரி நெருக்கிக் காட்டும். ஆச்சியும் பூவும் சேர்ந்து வர வேண்டுமானால் நான் நடுரோட்டுக்குப் போக வேண்டும். காலை எட்டு மணிக்கு அந்தத் தெருவில் அது நடக்காது. ஒரு கைவண்டிக்காரர் மராத்தியில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கேமராவின் லைட் மீட்டருக்கு எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். மல்லிக் குவியலைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கிக் கொடுக்கும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்கு, கூட்டினால் மல்லி வெள்ளையாகிறது, ஆனால் கனகாம்பரம் மறுபடி பிளாஸ்டிக். கனகாம்பரத்துக்குக் குறைத்தால் மல்லி அழுக்கு. ஒரே முழத்தில் ஒரு பூ கூட்டு என்கிறது, ஒரு பூ குறை என்கிறது. கடைசியில், நேர் வெயிலை விட்டுவிட்டு, கேமரா எதையும் திருத்தாத ரா ஃபைலாக, மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்து, அப்புறம் கம்ப்யூட்டரில் மல்லியை மட்டும் தூக்கினேன். வெள்ளைக்குக் கணக்கு வைக்க, பூ மடிக்கிற நியூஸ்பேப்பர் துண்டு ஒன்றை முதல் படத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நிறம் ஒழுங்காக வந்தது. காலண்டர் படம் போல, குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தது. எனக்கு அலுப்பாக இருந்தது.

அடுத்தது காபி டின், லென்ஸ் இல்லாமல் ஊசித் துளை வழியாகப் படம் எடுக்கும் கேமரா. உண்மையில் இந்தக் குறிப்பையே அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வீட்டில் காபிப்பொடி போட்டு வைக்கும் வட்ட டின், குறுக்களவு 8 சென்டிமீட்டர். உள்ளே கறுப்பு பெயின்ட். பக்கவாட்டில் ஒரு ஓட்டை போட்டு, குளிர்பானக் கேனிலிருந்து வெட்டிய அலுமினியத் தகட்டில் ஊசியால் குத்தி ஒட்டினேன். ஊசி பக்கத்துக் கடை மவுசியுடையது. 80 மில்லிமீட்டர் தூரத்துக்கு ஓட்டை 0.4 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது என்று கணக்கு. அளப்பது எப்படி? தகட்டை அலுவலக ஸ்கேனரில் 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 பிக்சல்) ஸ்கேன் செய்து எண்ணினேன். 19 பிக்சல் வந்தால் சரி. முதல் மூன்று தகட்டிலும் ஓட்டை பெரிதாகிவிட்டது, நான்காவது 20 பிக்சல். போதும் என்று விட்டேன். 80-ஐ 0.4-ஆல் வகுத்தால் எஃப்/200. இந்த எண் பெரிதாகப் பெரிதாக உள்ளே வரும் வெளிச்சம் குறையும்.

ஃபிலிமுக்குப் பதில் உள்ளே பிரிண்ட் போடும் கறுப்பு வெள்ளைக் காகிதம். வெளிச்சத்தைப் பிடிக்கும் அதன் வேகம் ஏறக்குறைய ஐஎஸ்ஓ 6, ரொம்ப மந்தம். நல்ல வெயிலில் எஃப்/16-க்கு 1/6 நொடி, எஃப்/200-க்கு 26 நொடி. தார்ப்பாய் நிழலில் மீட்டர் நான்கு ஸ்டாப் குறைவாகக் காட்டியது. நான்கு ஸ்டாப் என்றால் 16 மடங்கு, அதாவது ஏழு நிமிடம். டின்னைக் கூடைக்கு எதிரே ஒரு செங்கல் மேல் வைத்து, ஓட்டை மேல் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை உரித்துவிட்டு நின்றேன். ஏழு நிமிடத்தில் நாலு பேர் "என்ன, குண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டில் இருட்டறை என்பது ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பாத்ரூம். படத்தை வரவழைக்கும் டெவலப்பர், அதை நிறுத்த வினிகர் கலந்த தண்ணீர், வந்ததை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர் மூன்றும் பழைய டிபன் பாக்ஸ்களில். சிவப்பு வெளிச்சத்துக்குச் சாமி படத்துக்கு முன்னால் எரியும் ஜீரோ வாட் பல்பைக் கழற்றினேன். அம்மா பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பல்பு காகிதத்துக்கு ஆகுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. காகிதத்தின் மேல் ஒரு காசை வைத்து, சிவப்பு வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் விட்டு, டெவலப் செய்ய வேண்டும். காசின் வட்டம் தெரிந்தால் பல்பு கசிகிறது என்று பொருள். எனக்கு ஐந்து ரூபாய் நிலா மாதிரி தெரிந்தது. ஸ்வீட் பாக்ஸின் சிவப்புக் காகிதத்தை இரண்டு சுற்று சுற்றி, பல்பைக் கதவுக்கு மேலே தள்ளி மாட்டினேன். வட்டம் மறைந்தது.

ஏழு நிமிடக் காகிதம் கரிக்கட்டையாக வந்தது. மறுநாள் ஐந்து நிமிடம் கொடுத்தேன், சரியாக வந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. இந்தக் காகிதத்துக்கு நீலம் நன்றாகத் தெரியும், பச்சை ஓரளவு தெரியும், சிவப்பு தெரியவே தெரியாது. டிஜிட்டலில் என்னை அழவைத்த அந்த நீலத் தார்ப்பாய் இதற்கு விருந்து வைத்திருக்கிறது.

காகிதத்தில் வருவது நெகட்டிவ். போனில் எடுத்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றிப் பார்த்தேன். மல்லி வெள்ளை. மரிக்கொழுந்து சாம்பல். கனகாம்பரம் கன்னங்கரேல். முடிக்கயிற்றை வெட்டி நடுநடுவே கட்டியது போல இருந்தது. சிவப்புப் பல்பில் காகிதம் கெடாததற்கும் கனகாம்பரம் கறுத்ததற்கும் ஒரே காரணம்தான், ஆனால் பூவைப் பார்க்கும்வரை அது என் மண்டையில் ஏறவில்லை. பழைய கல்யாணப் போட்டோக்கள் சிலவற்றில் குங்குமம் மைப்பொட்டு போலத் தெரிவதும் இந்த வழியில்தான்.

மாற்றிய படத்தை ஆச்சியிடம் காட்டினேன்.

"ஏட்டி, கனகாம்பரத்த ஏன் கரியாக்கி வச்சிருக்க?"

"காகிதத்துக்கு அந்தக் கலர் தெரியாது ஆச்சி."

"தெரியாதுன்னா கேட்டு எழுதச் சொல்லு." கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "நான் எங்கட்டி?"

ஐந்து நிமிடமும் அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் பூ எடுக்க, கட்ட, சில்லறை கொடுக்க, திரும்பி மவுசியிடம் பேச என்று ஒரு நொடி கூட அசையாமல் இல்லை. படத்தில் பலகை இருக்கிறது, கூடை இருக்கிறது, தார்ப்பாயின் கயிறு கூட இருக்கிறது. ஆச்சி இருந்த இடத்தில் லேசான புகை. கைகள் இருந்த இடத்தில் மட்டும் புகை கொஞ்சம் அடர்த்தி. மராத்தியில் கனகாம்பரத்துக்கு அபோலி என்று பெயர், பேசாதது என்று அர்த்தம். இதை மவுசி சொன்னபோது ஆச்சி, "அப்ப நான்தான் கனகாம்பரம்" என்று சிரித்தார். வாய் மூடாத மனுஷி.

ஏப்ரலில் சீனியர் ஒருவரிடம் பென்டாக்ஸ் கே1000 இரவல் வாங்கினேன். 1976-இல் வந்த மாடல், 1997 வரை செய்தார்கள். பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான், மற்றதெல்லாம் பல்சக்கரம். ஃபோர்ட்டில் போரா பஜாருக்குப் போய் எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோல் இரண்டு வாங்கினேன். ஒரு ரோல் விலையில் நாலு பேர் மாட்டுங்காவில் வயிறாரச் சாப்பிட்டுவிடலாம். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூன்று வாரம் எடுத்து, எண்ணிக்கை 36-ஐத் தாண்டியும் லீவர் சுற்றிக்கொண்டே இருந்தபோது வயிற்றில் புளியைக் கரைத்தது. ஃபிலிமின் நுனி உள்ளே சுருளில் மாட்டவே இல்லை. 36 படமும் ஒன்றுமில்லை. லீவர் இழுக்கும்போது இடது பக்கம் ரீவைண்ட் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பார்த்திருந்தால் முதல் படத்திலேயே தெரிந்திருக்கும். இப்போது யாராவது ஃபிலிம் போடுவதைப் பார்த்தால் என் கண் முதலில் அந்தக் குமிழுக்குத்தான் போகிறது.

இரண்டாவது ரோல் சரியாக ஓடியது. கழுவியது மே மாதம். டி-76 டெவலப்பர், 20 டிகிரியில் ஏழரை நிமிடம் என்று எழுதியிருக்கிறது. எங்கள் குழாய்த் தண்ணீர் மே மாதத்தில் 30-ஐத் தொடும். பாத்திரம் கழுவும் பேசினில் ஐஸ் கொட்டி, டெவலப்பர் பாட்டிலை அதில் நிறுத்தி, தெர்மாமீட்டரைக் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலசுகிற தண்ணீரையும் முன்கூட்டியே குளிரவைத்து வைத்திருந்தேன். 20-இலிருந்து 30-க்கு ஃபிலிமைத் தூக்கிப் போட்டால் அதன் மேல்பூச்சு தாங்காமல் போகலாம் என்று வகுப்பு சார் பயமுறுத்தியிருந்தார்.

படங்கள் வந்தன. ஏமாற்றம். இந்த ஃபிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும், ஆனால் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் ஏறக்குறைய ஒரே சாம்பலில் வந்துவிட்டன. எது பூ, எது இலை என்று நான் சொன்னால்தான் தெரியும். டின்னுக்கு நிறம் தெரியாவிட்டாலும் பிரித்துக் காட்டவாவது தெரிந்தது.

ஜூன் முதல் மழையோடு சார் தன்னுடைய யாஷிகா மேட் 124ஜி-யைக் கொடுத்தார். இரட்டை லென்ஸ் பெட்டி. மேல் லென்ஸில் நாம் பார்ப்பது, கீழ் லென்ஸில் ஃபிலிம் பார்ப்பது. வயிற்றுக்கு நேராகப் பிடித்து, மேலிருந்து குனிந்து கண்ணாடியில் பார்க்க வேண்டும். இடது வலது மாறித் தெரியும். பூக்கூடையை நடுவுக்குக் கொண்டுவர நான் போகிற திசைக்கு எதிர்த் திசையில் அது நழுவும். ஒரு வாரம் குடித்தவள் மாதிரி ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு ரோலுக்கு 12 படம்தான்.

ஆனால் ஆச்சியிடம் ஒரு மாற்றம். டிஎஸ்எல்ஆரைத் தூக்கினால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாகிவிடுவார். இதற்கு அப்படி இல்லை. "கும்பிடுத மாதிரி குனிஞ்சிட்டு நிக்க, நான் என்னத்தச் சொல்ல" என்று தன்பாட்டுக்குப் பூக் கட்டினார். இந்த மும்பையில் ஜேஜே கலைப்பள்ளியில் படித்த ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் போட்டோகிராபர், ரோலிஃபிளெக்ஸ் என்ற இதே வகைக் கேமராவைக் கையாண்டவர். அவர் எடுத்த தலைவர்கள் பலர் கேமராவை மறந்த முகத்தோடு இருப்பதற்கு, அவர் திறமைக்கு அடுத்தபடியாக, இந்தக் குனிதலும் கொஞ்சம் உதவியிருக்கும் என்று தோன்றுகிறது.

கனகாம்பரத்தைப் பிரிக்க ஃபில்டர் வேண்டும். ஆரஞ்சு ஃபில்டர் போட்டேன். கனகாம்பரம் வெளுத்து மல்லியோடு கலந்துவிட்டது. அப்படியானால் பச்சை. யாஷிகாவுக்குப் பொருந்தும் அளவு கிடைக்காமல், வேறு லென்ஸின் பச்சைக் கண்ணாடியைக் கையால் பிடித்து எடுத்தேன். இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும்: 1/125-இல் எடுத்ததை 1/30-க்கு இறக்கினேன், எஃப்/8 அப்படியே. குனிந்து பார்த்தால் எல்லாம் அழகான பச்சை. கழுவிப் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை, இரண்டு ஸ்டாப் வெளிச்சம் மட்டும் கூடுதல். ஃபில்டரை நான் மேல் லென்ஸுக்கு முன்னால் பிடித்திருக்கிறேன். பார்த்தது நான், ஃபிலிம் அல்ல. சார் ஒன்றும் சொல்லாமல் கீழ் லென்ஸை விரலால் தட்டிக் காட்டினார்.

அடுத்த ரோலில் கீழே பிடித்தேன். இலை ஒரு படி வெளுத்தது, கனகாம்பரம் இரண்டு படி இருண்டது, மல்லி வெள்ளையாகவே நின்றது. ஆறு மாதத்தில் முதன்முறையாகக் கதம்பம் கதம்பமாகத் தெரிந்தது. 1/30 என்பதால் ஆச்சியின் விரல் நுனி மட்டும் லேசாகக் கலங்கியிருக்கிறது. அந்தக் கலங்கல் எனக்குப் பிடித்திருக்கிறது. டின் படத்தின் புகையில் ஒரு துளி இதில் தங்கிவிட்டது.

அந்த ரோலில் ஒன்பது படம் முடிந்திருந்தபோது, மூன்றை மிச்சம் வைத்து அதுவரை எடுத்ததை இருட்டில் வெட்டிக் கழுவலாமா என்று ஆசை வந்தது உண்மை. வெட்டவில்லை, முழுதாக முடித்துத்தான் கழுவினேன். இப்போது அதே பச்சைக் கண்ணாடியோடு புது ரோல் போட்டிருக்கிறேன். ஆச்சியை அருகிலிருந்து, முழம் போடும் கையை மட்டும் எடுக்க வேண்டும். இந்தப் பெட்டி ஒரு மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது, அதனால் கை சின்னதாகத்தான் வரும். பார்க்கலாம்.

ஆச்சி ஆடிக் கொடைக்கு ஊருக்குப் போயிருக்கிறார். கடையை மவுசி பார்த்துக்கொள்கிறார், அங்கே கதம்பம் இல்லை, கஜ்ராதான். கேமராவை மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் இந்த ஊரில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது, அதுவும் இரவல் லென்ஸ். ஆரஞ்சு மணிகள் ஈரம் குடித்துப் பச்சையாகிவிட்டால் தோசைக்கல்லில் போட்டு வறுக்கிறேன், திரும்ப ஆரஞ்சாகின்றன. அந்தக் கல்லில் இனி தோசை வார்க்க மாட்டேன் என்று அம்மா வேறு கல் வாங்கிவிட்டாள்.