ஃப்ரீசரில் வைக்காதீர்கள்: வளர்த்த பாம்பு திடீரென்று இறந்தால்

ராத்திரி தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி ஊர்ந்துகொண்டிருந்த பால் பைத்தான், காலையில் துவண்டு கிடக்கிறது. (இந்தப் ‘பால்’ புற்றுக்கு ஊற்றும் பால் இல்லை. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர்.) மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு, நன்றாகப் பார்த்துக்கொண்டால் வீட்டில் 20, 30 வருஷம் இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்தில் அறுபது வயதைக் கடந்த ஒன்று 2020இல் முட்டையே இட்டது. அப்படிப்பட்டது நாலு வயதில் போய்விட்டால், அழுகையைவிட “நான் என்ன தப்பு செய்தேன்” என்ற கேள்விதான் ஆளை அரிக்கும். அதற்கு விடை கிடைக்குமா கிடைக்காதா என்பது முதல் சில மணி நேரத்தில் நீங்கள் செய்வதில் இருக்கிறது.

முதலில், உண்மையிலேயே இறந்துவிட்டதா? கனடா மாதிரிக் குளிர் ஊரில் ராத்திரி மின்சாரம் போய்த் தொட்டி சில்லிட்டிருந்தால், உயிருள்ள பாம்பும் அசையாமல் கிடக்கும். அப்போது 28 டிகிரி செல்சியஸ் அளவுக்கு மெல்ல மெல்லச் சூடேற்றிக் காத்திருங்கள். வெந்நீர்ப் பையை உடம்போடு ஒட்டி வைக்க வேண்டாம், வெந்துவிடும். பிறகு மல்லாக்கப் புரட்டுங்கள். உயிர் இருந்தால் திரும்பப் பார்க்கும். தலையிலிருந்து உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் இதயம். அங்கே வயிற்றுச் செதில்கள் லேசாக ஏறி இறங்குகிறதா என்று இரண்டு நிமிஷம் கண் எடுக்காமல் பாருங்கள். ஊர்வனவற்றில் மூளை நின்ற பிறகும் இதயம் மணிக்கணக்கில் துடிக்கக்கூடும் என்பதால், சந்தேகம் இருந்தால் ரத்த ஓட்டத்தைக் காதால் கேட்கவைக்கும் கால்நடை மருத்துவரின் டாப்ளர் கருவிதான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

இறந்தது உறுதியானால் உடனே தூக்காதீர்கள். கிடந்த நிலையிலேயே நாலு போட்டோ. தொட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் காட்டும் அளவைக் குறியுங்கள், பிறகு துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் வெப்பமானியால் தரையை நீங்களே அளந்து அதையும் எழுதுங்கள். சூடான பக்கம் 31 முதல் 33, குளிர்ந்த பக்கம் 24 முதல் 27 இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்குச் சூட்டை அளந்து சொல்லும் சென்சார் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். திடீர்ச் சாவுகளில் இது அடிக்கடி நடப்பது: ஒட்டியிருந்த டேப் ஈரத்தில் விட்டு, சென்சார், தொட்டியைச் சூடேற்றும் ஹீட் மேட்டை விட்டு நழுவி அறைக் காற்றில் தொங்கும். “இன்னும் சூடு பத்தவில்லை” என்று தெர்மோஸ்டாட் நினைத்துக்கொண்டு மேட்டை அணைக்கவே அணைக்காது. படமெடுத்து, அளந்து முடிந்ததும் மேட்டை அணையுங்கள். 32 டிகிரியில் கிடந்தால் உடல் வேகமாக அழுகும்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். கையுறை போட்டுக்கொண்டு (சால்மொனெல்லா கிருமி பயம் உண்டு) உடலை இரண்டு பைகளுக்குள் போட்டு, 4 டிகிரியில் வையுங்கள். சமையலறை ஃப்ரிட்ஜ் வேண்டாம். ஒரு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பைகளைத் துணியில் சுற்றி வைத்தால் போதும். ஃப்ரீசரில் வைத்தால் செல்களில் உள்ள நீர் உறைந்து, சவ்வுகள் கிழிந்துபோகும். திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவருக்கு எதுவும் புரியாது. 24 மணி நேரத்துக்குள், மிஞ்சினால் 48க்குள், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நாலைந்து நாள் ஆகும் என்றால் மட்டும் உறைய வைப்பது அழுகலைவிட மேல். அப்போதும் வைரஸ், விஷம் தேடும் சோதனைகளுக்காவது உதவும். கூடவே ஒரு தாள்: கடைசி எடை, கடைசி இரையின் தேதியும் அளவும், கடைசியாகச் சட்டை உரித்தது எப்போது, அந்த வாரம் வீட்டில் கொசு, கரப்பான் மருந்து அடித்தீர்களா என்பது. அவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மூடிய தொட்டிக்குள் தங்கிவிட்டால் பாம்பைச் சாய்த்துவிடும்.

இன்னொன்று. அடிவயிறு சிவந்திருப்பதைப் பார்த்து “சூட்டில் வேகவைத்துக் கொன்றுவிட்டேன்” என்று முடிவுகட்ட வேண்டாம். இறந்தபின் ரத்தம் கீழ்ப்பக்கம் இறங்கித் தேங்குவதாலும் அப்படித் தெரியும். பச்சையாவது குடல் அழுகத் தொடங்கியதன் அடையாளம், அவ்வளவுதான். வெந்த புண்ணா, தேங்கிய ரத்தமா என்பதை அறுத்துப் பார்ப்பவர் சொல்லட்டும்.

பரிசோதனையில் வரக்கூடியவை பல. மூச்சுக்குழலையும் நுரையீரலையும் தாக்கும் நிடோவைரஸ், உள்ளே நாள்பட்டு முற்றிய தொற்று, நீர்ச்சத்துக் குறைந்து சிறுநீரகம் கெட்டு உறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்த கௌட், பெண் பாம்பானால் முட்டை அடைத்துக்கொண்டது. இவற்றில் பாதிக்கு வெளியே அறிகுறியே தெரியாது. பாம்பு வலியைக் காட்டாத ஜந்து. சாப்பிடாமல் இருப்பதுகூட பால் பைத்தானுக்கு சகஜம் என்பதால் அதை வைத்தும் பிடிக்க முடியாது. காரணமே தெரியவில்லை என்று அறிக்கை வருவதும் உண்டு. அதற்கும் மதிப்பு உண்டு, வெந்த புண் எதுவும் கண்ணில் படவில்லை என்றாவது தெரியும்.

வேறு பாம்புகள் இருந்தால் துக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். இறந்ததன் கொக்கி, இடுக்கி, கிண்ணம் எதுவும் மற்ற தொட்டிகளுக்குப் போகக் கூடாது. மற்றவற்றை 90 நாள் கவனியுங்கள், வாராவாரம் எடை. நிடோவைரஸ் என்றால் 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீர் கலந்த ப்ளீச் 15 நிமிஷம் போதும். பாம்புகளின் வயிற்றைத் தடிக்க வைக்கும் கிரிப்டோஸ்போரிடியம் ஒட்டுண்ணி என்றால் ப்ளீச் தோற்றுவிடும், அம்மோனியாவில் நெடுநேரம் ஊற வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் வரும் வாயு உங்களையே கொல்லும். மரக்கட்டை, கார்க் பட்டை எல்லாம் குப்பைக்கு.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு: பால் பைத்தான், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு இருந்தாக வேண்டும், இறப்பையும் தெரிவிக்க வேண்டும். நம்மூர் மலைப்பாம்பு, சாரை போன்றவற்றை வீட்டில் வைத்திருக்கவே 1972 வனவிலங்குச் சட்டம் இடம் தராது.

புதைப்பதானால் மூன்றடிக்குக் குறையாமல், பிளாஸ்டிக் இல்லாமல், கிணற்றிலிருந்து தள்ளி. ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்த உடல் என்றால் எரிப்பதே சரி. தோண்டித் தின்னும் நாய்க்கும் அந்த மருந்து எமன்.

“பாம்புக்குப் போய் யாராவது அழுவாங்களா?” என்று கேட்பார்கள். செத்த நல்லபாம்புக்குப் பால் ஊற்றிப் புதைக்கிற ஊரில் இந்தக் கேள்வி கொஞ்சம் வேடிக்கைதான். பதில் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகளிடம் மட்டும் “தூங்கிடுச்சு” என்று சொல்லாதீர்கள், அடுத்த ராத்திரி அவர்கள் தூங்கப் பயப்படுவார்கள். “செத்துப்போச்சு, இனி வராது” என்றே சொல்லிவிடுங்கள். கடைசியாக உரித்த சட்டை இருந்தால் ஈரத்தில் விரித்து, கண்ணாடிச் சட்டத்தில் வைக்கக் கொடுங்கள்.

அதே தொட்டியில் அடுத்த பாம்பு என்றால், அறிக்கை வந்து, புது சென்சாரைக் கவ்வியால் இறுக்கி, வெறும் தொட்டியை இரண்டு வாரம் ஓடவிட்டு வெப்பநிலை ஏறி இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு.