பிக் பாய்க்கு மூச்சு வாங்குகிறது

அமெரிக்க ரயில் கம்பெனியான யூனியன் பசிபிக்கின் 4000 வரிசை நீராவி இன்ஜின், அதாவது பிக் பாய், என் கணினியில் இப்போது ஓடுகிறது. வெளித்தோற்ற வேலை முடிந்து நாளாயிற்று. ரிவெட், பைப், கரித்தூள் படிந்த டெண்டர் (கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டி), கேபினுக்குள் பிரஷர் கேஜ் எல்லாம் வந்துவிட்டன. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் நாலு பேர் பாராட்டுவார்கள். ஓட்டிப் பார்க்கிறவனுக்கு அது மட்டும் போதாது. ஓப்பன் ரெயில்ஸ் என்ற ரயில் சிமுலேட்டரில் (சுருக்கமாக சிம்) ஒரு நீராவி இன்ஜின் என்பது பாதி முப்பரிமாண மாடல், பாதி வெறும் டெக்ஸ்ட் கோப்பு. சிலிண்டர் எத்தனை அங்குலம், கரி எரியும் கிரேட் எத்தனை சதுர அடி, பாய்லர் அழுத்தம் எவ்வளவு என்று அந்தக் கோப்பில் எழுதுவதுதான் இன்ஜினுக்குக் குணம் தருகிறது. இந்தப் பதிவு பெரும்பாலும் அந்தப் பாதியைப் பற்றித்தான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நியூயார்க் மாநிலம் ஸ்கெனெக்டடியில் இருந்த அல்கோ தொழிற்சாலை 1941-ல் 20, 1944-ல் 5 என மொத்தம் 25 பிக் பாய்களைக் கட்டியது. சக்கர அமைப்பு 4-8-8-4: முன்னே 4 சிறு சக்கரம், நடுவில் இழுக்கும் சக்கரம் எட்டு எட்டாக இரண்டு செட், பின்னே 4 சிறு சக்கரம். ஒரே பாய்லருக்குக் கீழே இரண்டு இன்ஜின், அதாவது சிலிண்டரும் சக்கரமும் சேர்ந்த இரண்டு தொகுதி. பின்னது பாய்லரோடு இறுகப் பிணைந்தது, முன்னது கீல் வைத்த மாதிரி வளைவில் திரும்பக்கூடியது. யூட்டாவில் ஆக்டனிலிருந்து கிழக்கே வாசாட்ச் மலையேறும் பாதையில் 3,600 டன் சரக்கை வேறு இன்ஜின் துணையில்லாமல் இழுக்க வேண்டும் என்பதுதான் அதற்கு வைத்த பரீட்சை. தொழிற்சாலையில் யாரோ ஒரு தொழிலாளி சாக்பீஸால் முகப்பில் எழுதிவிட்டுப் போனதுதான் பிக் பாய் என்ற பெயர்.

மாடல் வேலையில் உயிரை வாங்கியது ராடுகள். ஒவ்வொரு பக்கமும் மெயின் ராடு, நாலு சக்கரத்தைப் பிணைக்கும் சைடு ராடு, மேலே சிலிண்டருக்குள் நீராவி விடுவதை ஆட்டுவிக்கும் வால்ஷார்ட்ஸ் வால்வ் கியர், இதெல்லாம் முன்னும் பின்னும் இரண்டு செட். பழைய சிம் மாடல்களில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எட்டு கீஃப்ரேம் (அசைவில் ஒரு நிலையைப் பதியும் புள்ளி) வைப்பது வழக்கம். சின்ன இன்ஜினுக்கு அது செல்லும். இங்கே பிஸ்டனின் ஓட்டம் 32 அங்குலம். ஆகவே ராடு மாட்டியிருக்கும் கிராங்க் பின், சக்கர மையத்திலிருந்து 16 அங்குலம் தள்ளிச் சுற்றுகிறது. கிராங்க் பின் வட்டமாகப் போகும், ராடோ ஒரு கீஃப்ரேமிலிருந்து அடுத்ததற்கு நேர்கோட்டில் போகும். எட்டு ஃப்ரேம்தான் என்றால், இரண்டுக்கும் நடுவழியில் ராடின் முனை மையத்திலிருந்து 14.8 அங்குலத்துக்கு வந்துவிடும். பின்னை விட்டு ஓர் அங்குலத்துக்கு மேல் உள்ளே! கேமராவைச் சக்கரத்துப் பக்கத்தில் இறக்கினால் ராடு எண்கோணத்தில் நொண்டுவது அப்பட்டமாகத் தெரியும். 32 ஃப்ரேம் வைத்தால் இந்த விலகல் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கான்ஸ்ட்ரெயின்ட் (பாகங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் விதி) போட்டு ஆட்டிவிட்டு, அந்த அசைவை அப்படியே ஃப்ரேம்களாகப் பதிந்துகொண்டேன். கையால் நகர்த்துகிற வேலையே இல்லை.

முன் இன்ஜினை போகியாக (தனியாகத் திரும்பும் சக்கரச் சட்டமாக) வைத்து, அதன் ராடுகளை அதற்குக் கீழே தொங்கவிட்டிருக்கிறேன். இறுக்கமான வளைவில் முன் இன்ஜின் தண்டவாளத்தோடு திரும்ப, பாய்லரின் மூக்கு மட்டும் வளைவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நிஜத்திலும் அப்படித்தான். வேலை முடிந்ததும் வெகுநேரம் அதையே முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி டெக்ஸ்ட் கோப்பு. இழுவிசைக்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. சிலிண்டர் விட்டத்தின் வர்க்கத்தை ஓட்டத்தால் பெருக்கி, பாய்லர் அழுத்தத்தில் 85 சதவீதத்தால் பெருக்கி, சக்கர விட்டத்தால் வகுக்க வேண்டும். இது இரண்டு சிலிண்டருக்கு. நாலு என்றால் இருமடங்கு. பிக் பாயின் சிலிண்டர் 23.75 அங்குலம், ஓட்டம் 32, அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு, சக்கரம் 68 அங்குலம். போட்டுப் பாருங்கள்: சரியாக 1,35,375 பவுண்டு வரும். புத்தகங்களில் இருப்பதும் அதே எண்தான், ஒரு பவுண்டுகூடப் பிசகாது.

அது வாசாட்சில் போதுமா? அங்கே 100 அடிக்கு 1.14 அடி ஏற்றம். ஒரு சதவீத ஏற்றத்தில் டன்னுக்கு (அமெரிக்க டன், 2,000 பவுண்டு) 20 பவுண்டு பின்னுக்கு இழுக்கும் என்பது ரயில்வே வாய்ப்பாடு. 3,600 டன்னுக்கு 82,080 பவுண்டு. இன்ஜினும் டெண்டரும் சேர்ந்து தாமே கிட்டத்தட்ட 600 டன். அதற்கு இன்னொரு 13,680. சக்கர உராய்வு முதலானவற்றையும் சேர்த்தால் சுமார் 1,15,000. மிச்சம் 20,000 பவுண்டுதான் கையில். டிசைன் செய்தவர்கள் வீண் பெருமைக்காகப் பெரிதாக்கவில்லை, அளந்துதான் வெட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த எண்ணைச் சரியாக எழுதிவிட்டால் இன்ஜின் சரியாக ஓடும் என்று நினைத்தால் தண்ணி காட்டிவிடும். 1,35,375 என்பது கிளம்பும்போது இருக்கிற பலம். அது நடக்க நடக்கக் குறையும், எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதைச் சிலிண்டர் தீர்மானிப்பதில்லை, பாய்லர்தான் தீர்மானிக்கிறது. நாலு சிலிண்டரும் இரு பக்கமும் முழு ஓட்டத்துக்கும் நீராவி குடித்தால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 65 கன அடிக்கு மேல் வேண்டும். மணிக்கு 30 மைல் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 148 சுற்று. நிமிடத்துக்கு 9,700 கன அடி! அத்தனை நீராவியை எந்தப் பாய்லரும் கொடுக்காது. ஆகவேதான் டிரைவர் வேகம் ஏற ஏற ரிவர்ஸர் என்ற நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்து, ஓட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் நீராவியை விட்டு, மீதித் தூரத்தை அது விரிந்தே தள்ளும்படி விடுகிறார்.

சிம்மில் இதைச் செய்து பார்ப்பதில் ஒரு தனி சுகம். மலையடிவாரத்தில் ரிவர்ஸரை முழுக்க முன்னே தள்ளிக் கிளம்பி அப்படியே விட்டுவிடுங்கள். மணிக்கு 20 மைல் வரைக்கும் ராஜா. அதற்குப் பிறகு கேஜ் முள் 300-லிருந்து மெல்ல இறங்கும், 280, 260. தண்ணீர் மட்டம் குறைகிறதே என்று பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டரைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போய் அழுத்தம் இன்னும் சரியும். திறக்காவிட்டால் தண்ணீர் தீரும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கும்போதுதான், கிரேட் ஏன் 150 சதுர அடி என்று புரியும். சின்னதாக ஒரு குடியிருப்பு அறையே அந்த அளவில் இருக்கும். வையோமிங்கில் கம்பெனியின் சொந்தச் சுரங்கத்தில் வெட்டிய தரம் குறைந்த கரியை எரிக்கத்தான் அத்தனை பரப்பு. கையால் அள்ளிப் போட்டு மாளாது. இயந்திர ஸ்டோக்கர்தான் போட்டது.

1941, 1944 இரண்டு தொகுதிக்கும் கோப்பு ஒன்றாக இருக்க முடியாது என்பதும் இந்த வேலையில் தெரிந்த விஷயம். முதல் தொகுதியில் நீரைக் கொதிக்க வைக்கும் பரப்பு 5,889 சதுர அடி, பிந்தியதில் 5,755; நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டரும் வேறு வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான் என்று சொல்பவர்களுக்காக நான் மாடல் செய்யவில்லை. இரண்டு கோப்பு வைத்திருக்கிறேன். ஒத்துப்பார்க்கும் எல்லைக்கல்லாக எடுத்துக்கொண்டது 1943-ல் நடந்த சோதனை: மணிக்கு 41 மைலில் 6,290 குதிரைத்திறன். கணக்குப் போட்டால் அந்த வேகத்தில் இழுவிசை 57,500 பவுண்டுதான். கிளம்பியபோது இருந்ததில் பாதிகூட இல்லை. என் கோப்பு இப்போது அதற்கு மிக அருகில் வருகிறது.

அடுத்து கையில் இருப்பது நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்னின் ஒய்6பி. வர்ஜீனியாவின் ரோனோக்கில் கம்பெனியின் சொந்தப் பட்டறையில் 1948-லிருந்து 1952 வரை கட்டியது. இது முற்றிலும் வேறு ஜாதி. சக்கரம் சிறியது, வேகம் குறைவு, நீராவியை இரண்டு தடவை உபயோகிக்கிறது: பின்னால் உள்ள 25 அங்குல சிலிண்டரில் வேலை செய்த நீராவி, முன்னால் உள்ள 39 அங்குல சிலிண்டருக்குப் போய் மறுபடியும் தள்ளுகிறது. நம் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு இன்ஜினும் பல்சக்கரப் பாதையில் இந்த முறையில்தான் ஏறுகிறது. ஒய்6பியில் கிளம்பும்போது மட்டும் ஒரு வால்வைத் திருப்பி நாலு சிலிண்டருக்கும் நேரடி நீராவி கொடுக்கலாம். அப்போது 1,52,206 பவுண்டு, நீராவியை இரண்டு தடவை உபயோகிக்கும் கூட்டு முறைக்கு மாறினால் 1,26,838. சிம்மில் அந்த வால்வுக்கு ஒரு விசை உண்டு. வரலாற்றுக்கு விரோதம் என்றாலும் அதே வாசாட்ச் பாதையில் அதே 3,600 டன்னைக் கட்டி விட்டேன். ஊர்ந்து போகும் வேகத்தில் பிக் பாயைவிட நிதானமாக, கரியும் குறைவாகக் கேட்டு ஏறியது. சமதளத்தில் வேகம் மணிக்கு 40 மைலைத் தாண்டும்போது கதை மாறிவிட்டது.

ஒலியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் அழகு. பிக் பாயில் இரண்டு இன்ஜினும் புகைபோக்கி வழியாக மூச்சு விடுகின்றன, ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. ஒரு சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலும் தாளம் பிசகும். ஒரு சுற்றுக்கு வரும் எட்டு மூச்சு அடிகள் சேர்ந்து ஒலித்து, மெல்லப் பிரிந்து, மறுபடி சேரும். இழுவிசையை இரண்டுக்கும் ஒன்றாகக் கணக்கிட விட்டுவிட்டு, ஒலிக்கு மட்டும் இரண்டு தனி ஓட்டம் வைத்து, ஒன்றின் வேகத்தை இம்மியளவு மாற்றியிருக்கிறேன். 2019-ல் மறுபடி ஓடத் தொடங்கிய 4014 எண் பிக் பாயின் பதிவுகளைக் கேட்டுத்தான் இந்தப் பிசகு எவ்வளவு இருக்கலாம் என்று முடிவு செய்தேன். அது இப்போது எண்ணெயில் ஓடுகிறது, ஆனாலும் புகைபோக்கியின் அடி அதே அடிதான். ஒய்6பிக்கு இந்தத் தொல்லை இல்லை. கூட்டு முறையில் முன் இன்ஜினின் நீராவி மட்டுமே புகைபோக்கிக்கு வருவதால் சுற்றுக்கு நாலே அடி, கனமாக, மெத்தென்று. வால்வை நேரடி முறைக்குத் திருப்பினால் சத்தம் சட்டென்று இரட்டிக்க வேண்டும். அந்த மாற்றத்தை ஒலிக் கோப்பில் இன்னும் இணைக்கவில்லை.

இதற்கு நடுவில் செசபீக் அண்ட் ஒஹையோவின் அலிகெனியையும் ஆரம்பித்துவிட்டேன். 2-6-6-6, லைமா கம்பெனி கட்டியது, 1941 முதல். இழுவிசை 1,10,200 பவுண்டுதான், ஆனால் சோதனையில் 7,498 குதிரைத்திறன் காட்டியது. வேகத்துக்குப் பிறந்த இன்ஜினை மெதுவாகப் போகும் கரி வண்டிக்குக் கட்டினார்கள் என்று அமெரிக்க ரயில் ரசிகர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். என் சிக்கல் அதைவிடச் சின்னது. எடை என்ன எழுதுவது? முதலில் வெளியான எண் 7,24,500 பவுண்டு. எடை போட்டுப் பார்த்தபோது 7,71,300. இந்த எடையைப் பொறுத்துத்தான் சிம்மில் சக்கரம் எப்போது வழுக்கும் என்பது இருக்கிறது. இப்போதைக்குப் பெரிய எண்ணைப் போட்டு, ஈரத் தண்டவாளத்தில் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.