பேரு போடுற இடத்துலதான் இருக்கு சங்கதி

ஒற்றுமையைப் பற்றி ஒரு ராப் எழுதித் தாங்க என்று அடிக்கடி யாராவது கேட்பார்கள். கோயில் திருவிழா இளைஞர் அணி, பள்ளி ஆண்டு விழா, ஓணத்துக்கு நடக்கிற கிரிக்கெட் போட்டியின் பரிசளிப்பு என்று ஏதாவது ஒன்று இருக்கும். ராப் பாடுகிற எங்கள் கூட்டம் எழுதியும் கொடுத்திருக்கிறது. கை கோர்ப்போம், சாதி மதம் மறப்போம், ஒன்றாய் நிற்போம்... பாடி முடித்ததும் கைதட்டல், ஒரு சால்வை, போட்டோ. அடுத்த நாள் அந்தப் பாட்டை யாராவது முணுமுணுத்து நான் கேட்டதே இல்லை. ராப், டிஜே, ஆட்டம் எல்லாம் சேர்ந்த ஹிப்ஹாப்பில் ஒற்றுமையை வரிகளுக்குள் தேடக்கூடாது என்பது என் கட்சி. பாட்டு எப்படி உருவாச்சு, யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், யார் பேர் எங்கே வந்தது, துட்டு எப்படிப் பிரிந்தது, இதையெல்லாம் பார்த்தால்தான் அந்தக் கூட்டம் ஒற்றுமையா இல்லையா என்று தெரியும்.

இந்தக் கலை பிறந்த கதையிலேயே இது இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கில் பிராங்ஸ், செட்விக் அவென்யூவில் 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடம். டிஜே கூல் ஹெர்க் அங்கே பார்ட்டி நடத்தினார் என்று எல்லோரும் சொல்வார்கள். நடத்தியது அவர் தங்கச்சி சிண்டி கேம்பல். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, புதுத்துணி வாங்கக் காசு வேண்டும், அதற்காக அந்தப் பிள்ளை கட்டடத்தின் பொது அறையை வாடகைக்குப் பிடித்து, அழைப்பைக் கையாலேயே எழுதி, பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று கட்டணம் வைத்து அண்ணனை இசைத்தட்டு போட வைத்தது. ஹெர்க்கின் பெரிய வித்தை, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, ஆடுகிறவர்களுக்குப் பிடித்த அந்த டிரம்ஸ் துண்டை மட்டும் நீட்டிக்கொண்டே போனது. பக்கத்தில் மைக்கைப் பிடித்து நின்றவர் அவருடைய நண்பர் கோக் லா ராக். அவர் என்ன பாடினார் தெரியுமா? கூட்டத்தில் நின்ற கூட்டாளிகளின் பேரைக் கூப்பிட்டார், அவ்வளவுதான். இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுகிற ராப்புக்கு முதல் வரி, நண்பர்களின் பேர்ப் பட்டியல். எனக்கு இந்தத் தகவல் எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது.

அந்தப் பார்ட்டிக்கு இரண்டு வருஷம் முன்னால் அதே பிராங்ஸில் தெருவுக்குத் தெரு ஒரு கும்பல், ஒருத்தன் எல்லைக்குள் இன்னொருத்தன் கால் வைக்க முடியாது. 1971 டிசம்பரில் கெட்டோ பிரதர்ஸ் என்ற கும்பலில் சமாதானம் பேசும் பொறுப்பில் இருந்த பிளாக் பெஞ்சி என்ற இளைஞனை, சண்டையை விலக்கப் போன இடத்தில் அடித்தே கொன்றுவிட்டார்கள். பழிக்குப் பழி என்று எல்லாரும் எதிர்பார்த்தபோது கெட்டோ பிரதர்ஸ் அதைச் செய்யவில்லை. ஹோ அவென்யூவில் கும்பல் தலைவர்களையெல்லாம் கூட்டி உட்கார வைத்துச் சமாதானம் பேசினார்கள். எல்லாச் சண்டையும் அன்றோடு தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் அடுத்த தெருவுக்குப் பயமில்லாமல் நடந்து போக முடிந்த பிறகுதானே அடுத்த தெருப் பார்ட்டிக்குப் போக முடியும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைச் சொன்னால் பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்கும். 1982ல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காடு கலவரத்தை இன்னும் தாழ்ந்த குரலில் பேசுகிற வீடுகள் கடற்கரையிலும் உண்டு, உள்நாட்டிலும் உண்டு. எங்கள் தலைமுறைக்கு அது கேள்விப்பட்ட கதை. ஆனால் "அங்க எதுக்குலே போற" என்ற கேள்வி மட்டும் கைமாறி எங்களிடமும் வந்து சேர்ந்திருக்கிறது.

எங்கள் கூட்டம் நாலு பேர். நான் நாகர்கோவிலில் பகலில் மொபைல் கடை, ராத்திரி பாட்டுக்குத் தாளமும் இசையும் அமைக்கிற பீட் வேலை. குளச்சலில் விசைப்படகில் போகிற ஒருத்தன். குலசேகரம் பக்கம் அப்பாவோடு ரப்பர் பால் வெட்டப் போகிற ஒருத்தன். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பிள்ளை, நர்சிங் படிக்கிறாள், எங்களில் உருப்படியாகப் பாடத் தெரிந்தவள் அவள் மட்டும்தான். நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் நேரம் கிடைப்பது எப்போது என்று பாருங்கள்: மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கும். அதே மாதங்களில் தென்மேற்கு மழை கொட்டும், பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. ஆகவே எங்கள் ரெக்கார்டிங் சீசன் ஜூன், ஜூலை. என் அறைக்கோ ஆஸ்பெஸ்டாஸ் கூரை! சுவரெல்லாம் போர்வையும் பழைய மெத்தையும் கட்டி, ஃபேனை நிறுத்தி, வியர்க்க விறுவிறுக்க மைக் முன்னால் நின்றால், இரண்டாவது வரிக்குள் மழை வந்துவிடும். போன வருஷம் ஒரு வெர்ஸில், அதாவது ஒருத்தர் பாடுகிற ராப் பத்தியில், மழையை எடுக்கவே முடியவில்லை, சரி கிடக்கட்டும் என்று அதையே ட்ராக்கின் தொடக்கமாக வைத்துவிட்டோம். கேட்டவர்கள், மழைச் சத்தத்தை எங்கேயிருந்து எடுத்தீங்க, சூப்பர் என்றார்கள்.

ஒரு சண்டையைச் சொல்கிறேன், அதில்தான் எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று தெரியும். குளச்சல்காரன் எழுதிய வெர்ஸ் முழுக்கக் கச்சான், கொண்டல், மடி, அணியம் என்று கடல் சொற்கள். குலசேகரத்துக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. "லேய் மக்கா, இத யாருக்குலே பாடுத? எனக்கே விளங்கல்ல, மெட்ராஸ்காரனுக்கு எப்படி விளங்கும்?" என்றான். இவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். "உனக்கு விளங்காததுக்கு நான் என்ன செய்ய, நீ கடல் பாத்ததே கன்னியாகுமரிக்கு டூர் போனப்போதான்." அன்றைக்கு ரெக்கார்டிங் இல்லை. பீட் மட்டும் லூப்பில் ஓடிக்கொண்டிருந்தது, நானும் நிறுத்தவில்லை. அப்புறம் மார்த்தாண்டத்துக்காரி குலசேகரத்துக்காரனிடம், நீ காலையில் எத்தனை மணிக்கு எழும்புவே என்று கேட்டாள். மூணு மணி. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவான். இவன்? கடலில் வலை இழுக்க நேரம் காலம் கிடையாது, நடுச்சாமத்திலும் எழுப்புவார்கள். அவள் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து, நீ ஒரு வரி, அவன் ஒரு வரி என்று சொல்லவைத்தாள். பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற ஹூக் இப்படி வந்தது:

ஊரு உறங்குற நேரம்,
எனக்க வலையில ஈரம்,
உனக்க சிரட்டையில பாலு,
சாயாக்கடையில நாம நாலு.

நாலாவது வரி யார் சொன்னது என்று இன்றுவரை தகராறு. கச்சானும் கொண்டலும் வெர்ஸில் அப்படியேதான் இருக்கின்றன, ஒரு சொல்லைக்கூட எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அடுத்த வெர்ஸில் ஒட்டுப்பால், ஷீட் ரோலர், மழைக்குப் பட்டை நனைந்த கதை எல்லாம் வந்துவிட்டது. ஒருத்தன் மற்றவனை விளங்கிக்கொண்டு உருகிப் போனான் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். போட்டி போட்டார்கள், அதனால் இரண்டு வெர்ஸும் நன்றாக வந்தன. ஹிப்ஹாப்பில் நட்புக்குப் போட்டிதான் சம்பளம். சொத்தவிளை கடற்கரையில் சாயங்காலம் வட்டமாக நின்று மாறி மாறி ராப் பாடுகிற சைஃபர் போடும்போது ஒருத்தனை ஒருத்தன் வரிகளாலேயே கிழித்துத் தொங்கவிடுவார்கள். ஒருமுறை நடக்க வந்த ஒரு பெரியவர் பதறிப்போய், "ஏம்ல சண்ட போடுதிய, படிச்ச பிள்ளைகதான" என்று நடுவில் புகுந்துவிட்டார். அவருக்கு ரசவடை வாங்கிக் கொடுத்து விளக்கினோம். கூட ஆடுகிற பி-பாய் பையன்கள் மணலில் ஆட முடியாது என்று பழைய ஃப்ளெக்ஸ் பேனரைக் கவிழ்த்துப் போட்டு சிமென்ட் தரையில் ஆடுவார்கள், தலைவர்கள் யாராக இருந்தாலும் முகம் குப்புறத்தான். தோற்றவனும் ஜெயித்தவனும் சேர்ந்துதான் அந்தப் பேனரைச் சுருட்டுவார்கள்.

இப்போது வில்லுப்பாட்டுக்கு வருகிறேன். நம்ம ஊர் அம்மன் கோயில் கொடையில் வில்லுக்கு முன்னால் விடிய விடிய உட்கார்ந்தவர்களுக்கு ராப்பர் பின்னால் நின்று இடையிடையே குரல் கொடுத்து ஆட்லிப் போடுகிறவன் புதுசே இல்லை. தலைமைப் பாட்டுக்காரரான அண்ணாவி வீசுகோலால் வில்லை அடித்துக் கதை சொல்லுவார், பக்கத்துப் பாட்டுக்காரர் "ஆமா" என்பார், அண்ணாவி விட்ட அடியை எடுத்துத் திருப்பிப் பாடுவார், குடம் தாளத்தைத் தாங்கும், உடுக்கையும் தாளமும் கட்டையும் சேரும். அந்த "ஆமா" ஒரு நொடி பிந்தினால் கதை தடுக்கும். அதைச் சரியாகச் சொல்லுவதற்கு வருஷக்கணக்கில் கூட இருந்திருக்க வேண்டும், அண்ணாவி எங்கே மூச்சு விடுவார் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நோட்டீஸில் பெரிய எழுத்தில் அண்ணாவி பேர், கீழே "மற்றும் குழுவினர்".

எனக்கு எரிச்சல் வருவது இந்த "குழுவினரில்"தான். ஒரு கல்லூரி விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள், கல்லூரி பேர் வேண்டாம். போஸ்டரில் குளச்சல்காரன் படமும் பேரும் மட்டும். பயணப்படியும் ஒருத்தருக்குத்தான். அவன் அதை நாலாகப் பிரித்துத் தந்தான், அது வேறு விஷயம். பெரிய மேடையிலும் இதே கதைதான். 1979ல் வந்து உலகத்துக்கு ராப்பை அறிமுகப்படுத்திய சுகர்ஹில் கேங் பாட்டில் ஒரு பகுதி, கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்ற பிராங்ஸ் கலைஞரின் நோட்டுப் புத்தகத்திலிருந்து போனது. அவருக்குப் பேரும் கிடைக்கவில்லை, காசும் கிடைக்கவில்லை. அவ்வளவு தூரம் போவானேன், 2021ல் "எஞ்சாயி எஞ்சாமி" ஊரெல்லாம் ஒலித்தபோது ஒரு இசைப் பத்திரிகை அட்டையில் அதை எழுதிப் பாடிய ராப்பர் அறிவின் படம் இல்லை. சத்தம் கிளம்பிய பிறகுதான் அவர் படத்தோடும் ஒரு அட்டை வந்தது.

இதற்கு நேர்மாறாக ஊ-டாங் கிளான். நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டை மையமாகக் கொண்டு ஒன்பது பேர், 1993ல் முதல் ஆல்பம். அவர்கள் போட்ட ஒப்பந்தம்தான் எனக்குப் பிடித்த சமாச்சாரம்: குழுவாக ஒரு கம்பெனியில் இருந்துகொண்டே, ஒவ்வொருத்தரும் தனி ஆல்பத்துக்கு வேறு கம்பெனியில் கையெழுத்துப் போடலாம். தனியாகப் போனவன் துரோகி ஆகவில்லை. அவன் ஆல்பத்திலும் மற்றவர்கள் வந்து பாடினார்கள். ஒருத்தன் மேலே போனால் குழு உடையும் என்று பயப்படுகிற நம்ம ஊர்ப் பையன்கள் அந்தப் பாடல்களைக் கேட்பதோடு அந்த ஒப்பந்தத்தையும் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். சென்னையில் 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இன்னொரு வழி. கானா பாடுகிறவர்களும் ராப் பாடுகிறவர்களும் பறை அடிக்கிறவர்களும் கிட்டார் வாசிக்கிறவர்களும் ஒரே மேடையில், ஒரே மாதிரி உடையில் நின்றார்கள். யார் முன்னால் யார் பின்னால் என்பதைப் பார்வையிலேயே அடித்துவிட்டார்கள்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்றால், பாட்டு வெளியே போகும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுகிறோம். இசைக்குப் பாதி, வரிகளுக்குப் பாதி. ஹூக்கும் வரிக் கணக்கில்தான் சேரும். யாராவது தனியாக மேடைக்குப் போனால் அந்தக் காசு அவர்களுக்கே, ஆனால் மேடையில் மற்ற மூன்று பேரின் பேரைச் சொல்லியாக வேண்டும். முதலில் இதை எழுதலாம் என்றபோது குலசேகரத்துக்காரன் முகம் சுருங்கியது. "நம்மளுக்குள்ள எதுக்குடே கணக்கு" என்றான். நம்மளுக்குள்ள என்பதால்தான் கணக்கு வேண்டும், வெளியாள் என்றால் சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம், உன்னோடு நாளைக்கும் சாயா குடிக்க வேண்டாமா என்று மார்த்தாண்டத்துக்காரி கேட்டாள். அவன் தம்ஸ்அப் ஒன்று போட்டான். இவ்வளவு மாதம் ஆகியும் அந்த எழுத்தைப் பற்றி ஒரு வாக்குவாதம் வந்ததில்லை. வேறு எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறது.

இப்போது வேலை நடக்கிற ட்ராக்கில் வில் மணியும் குடமும் இருக்கின்றன. யூடியூபிலிருந்து வெட்டி எடுத்திருக்கலாம், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். நாங்கள் ஒரு கொடையில் பழக்கமான குழுவைக் கேட்டோம். அண்ணாவி உடனே சரி என்றார், குடம் அடிக்கிற அண்ணன்தான் யோசித்தார். துட்டு கேட்பார் என்று நினைத்தேன். "எனக்க பேரு வருமா மக்களே, இல்ல குழுவினர்தானா?" என்று கேட்டார். வரும் என்றேன். என் அறைக்கு வந்து குடத்தை வைத்து உட்கார்ந்தார், நான் போட்ட, நிமிஷத்துக்கு 92 அடி விழுகிற (92 பிபிஎம்) பீட்டைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இது ஓடவும் மாட்டேங்குது, நடக்கவும் மாட்டேங்குது, கொஞ்சம் தள்ளு என்றார். 96க்குத் தள்ளினேன். அவர் சொன்னது சரி, ஹூக் அதில்தான் உட்கார்ந்தது. ஆகவே இசைப் பாதியில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்று அன்றைக்கே குழுவில் எழுதியாயிற்று.

மிக்ஸ் இன்னும் முடியவில்லை, குளச்சல்காரன் கடலுக்குப் போகும் முன்னால் இரண்டு வரி திரும்ப எடுக்க வேண்டும். பேர்ப் பட்டியலைக் குடக்கார அண்ணனுக்கு அனுப்பினேன், பார்த்துவிட்டு போன் போட்டார். இனிஷியல் ஒன்றுதான் இருக்கிறதாம், அவருக்கு இரண்டு. ஊர் பேரும் அப்பா பேரும் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறார், தம்ப்நெயிலில் இடம் பத்தாது, குலசேகரத்துக்காரனின் ஸ்டேஜ் பேரைத்தான் குறைக்க வேண்டும் போல இருக்கிறது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.