அந்த ஒரு ரன்

"அக்கா, புள்ளி கோட்டு மேலேயே விழுந்திருந்தா இந்த ரன்னை நாம தோண்டியிருப்போமா?" என்று ஜூனியர் கேட்டான். அணுக்கரு மோதல்களை ஒரே மூச்சில் பதிவு செய்த தரவுத் தொகுதிக்கு எங்கள் பாஷையில் ரன் என்று பேர். வரைபடத்தில் எங்கள் புள்ளி எதிர்பார்த்த கோட்டை விட்டு விலகி நின்றதால்தான் அந்த ரன்னைத் தோண்டினோம், கெட்டது என்று நீக்கினோம். தோண்டியிருக்க மாட்டோம்தான். ஆனால் நான் அன்றைக்குச் சொன்னது வேறு: "ரன் கெட்டுப்போனது உண்மைதானே, எதுக்காகத் தோண்டினோம்ங்கிறதா முக்கியம்?" சரி என்று சொல்லிவிட்டு ஸ்கிரிப்டை மறுபடி ஓடவிட்டான். அந்தப் பதிலில் எது தப்பு என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, நிம்மதியும் இல்லை.

நெட்-புரோட்டான் பார்ப்பவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். மோதலுக்கு மோதல் புரோட்டானை எண்ணி, எதிர்புரோட்டானைக் கழித்து, அந்த எண் எப்படி அலைகிறது என்று பார்க்கிறோம். மின்னூட்டத் துகள்களின் தடத்தைப் பதியும் டிபிசி கருவியில் நியூட்ரான் தடம் விடாது, அதனால் பேரியானுக்கு (புரோட்டான், நியூட்ரான் வகையறாவுக்கு) பதில் புரோட்டானை வைத்தே ஒப்பேற்றுகிறோம். சராசரியும் விரிவும் சாது. பகிர்வின் வடிவத்தை அளக்கும் குமுலண்ட் என்ற எண்களில் நான்காவதுதான் படுத்தும், பகிர்வின் ஓரமான வால் எவ்வளவு கனம் என்று காட்டுவது அதுதான். சராசரியிலிருந்து 5 தள்ளி விழுந்த மோதல் நான்காம் அடுக்கில் 625 தரும், 15 தள்ளி விழுந்தது 50,625. வாலில் நிற்கும் கொஞ்சம் மோதல்களே புள்ளியைத் தூக்கி உட்கார வைத்துவிடும்.

ஒரு மோதல் ஆற்றலில் எங்கள் புள்ளி அப்படித்தான் பக்கத்து ஆற்றல்களின் புள்ளிகளை விட்டு மேலே நின்றது. அந்த ரன், முழு சராசரியில் வரம்புக்குள்தான் இருந்தது. நேரவாரியாகப் பிரித்துப் போட்டபோதுதான் நடுவில் தடங்களின் டிசிஏ, அதாவது மோதல் நடந்த இடத்தை விட்டுத் தடம் விலகியிருக்கும் தூரம், சட்டென்று ஏறியிருப்பது தெரிந்தது. வரம்பைத் தாண்டியதால் கழிக்கப்படும் தடங்கள் அங்கே அதிகம், புரோட்டான் குறைவு, ஆக இரண்டு வேறு வேறு பகிர்வுகள் கலந்து வால் கனத்திருக்கிறது. காரணம் கச்சிதம். ரன்னைத் தூக்கினோம், புள்ளி இறங்கி ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது, அதாவது புரோட்டான்கள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் வந்தால் நாலாவதை இரண்டாவதால் வகுக்கும்போது கிடைக்கும் அந்த ஒன்று.

மற்ற ஆற்றல்களுக்கும் அதே சல்லடையைப் போட்டோம், எதுவும் பெரிதாக நகரவில்லை. இதைச் சொல்லித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன். ஆனால் சல்லடைக் கண்ணின் அளவை, அந்த ஒரு ரன் மாட்டும்படி பார்த்துத்தானே வைத்தோம்?

இதே எழுச்சி 7.7 ஜிஇவி மோதல் ஆற்றலில் வந்திருந்தால்? அங்கே உயர்வைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தோம். அணுக்கருப் பொருள் குவார்க்-குளுவான் கூழாக மாறும் விதமே மாறுகிற இடம்தான் நெருக்கடிப் புள்ளி, அது பக்கத்தில் இருந்தால் ஆற்றலைக் குறைக்கக் குறைக்க அந்த விகிதம் முதலில் இறங்கும், பிறகு ஏறும் என்பது கோட்பாட்டுக்காரர்களின் கணிப்பு. தங்க அணுக்கருக்களை மோதவிட்ட ஸ்டார் ஆய்வுக் குழு 2021-இல் வெளியிட்ட முதல் ஸ்கேன் (ஆற்றலை மாற்றி மாற்றி மோதவிடும் ஆய்வு) முடிவிலும் 7.7-இல் புள்ளி மேலேதான் நின்றது, பெரிய பிழைக்கோட்டோடு. ஆற்றலோடு ஒரே திசையில் போகாத போக்குக்கு 3.1 சிக்மா என்று சொன்னார்கள், தற்செயலாக வர வாய்ப்பு குறைவு, ஆனால் கண்டுபிடிப்பு என்று சொல்லப் போதாது. இரண்டாவது ஸ்கேனில் பல மடங்கு மோதல்கள் சேர்ந்து பிழைக்கோடு சுருங்கியது, அந்த உயர்வைக் காணோம். 20 ஜிஇவி பக்கத்துப் பள்ளம்தான் இப்போது பேச்சு. இதில் யாரையும் குறை சொல்ல எதுவும் இல்லை, பழைய புள்ளி தன் பிழைக்கோட்டுக்குள்தான் இருந்தது. நான் கேட்பது என்னைப் பற்றி. பிடித்த இடத்தில் பிடித்த பக்கம் ஏறிய புள்ளியை நான் நேரவாரியாகப் பிரித்துப் பார்ப்பேனா? பார்ப்பேன் என்று நம்பத்தான் ஆசை.

முடிவை மறைத்து வைத்து அலசுவதும் நடக்கிற காரியம்தான், ருத்தேனியம், சிர்கோனியம் அணுக்கரு மோதல்களின் தரவில் செய்தார்கள். எங்கள் வேலையில் தரம் பார்க்கவே புரோட்டான் எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, எதை மறைப்பது? இதுவும் சாக்காக இருக்கலாம்.

அப்புறம் அவன் தீசிஸ் எழுதும்போது, "இந்த ரன் முடிவைப் பார்த்த பிறகு நீக்கப்பட்டது" என்று ஒரு வரி போட்டு, ரன்னோடும் ரன் இல்லாமலும் இரண்டு புள்ளிகளையும் பின்னிணைப்பில் வைத்திருந்தான். படிக்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள், தூக்கிடு என்றேன். "நீங்க சொன்னா தூக்கிடறேன் அக்கா" என்றான், ஆனால் தூக்கவில்லை. அனாலிசிஸ் நோட்டில் நான் எழுதியது "தர ஆய்வில் நீக்கப்பட்டது". அதுவும் பொய் இல்லை. வைவாவில் இரண்டு வரியைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை.