கொட்டேஷன் 30 நாள் செல்லும்

தெற்கு சூடான் தலைநகர் ஜூபாவின் கொன்யோ கொன்யோ சந்தையில் ஒரு மாவுக் கடைக்காரரிடம், 30 நாள் செல்லுபடியாகும்படி கொட்டேஷன் எழுதித் தரச் சொன்னேன். அவர் சிரித்தார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு ஜூபா அரபியில் ஏதோ சொல்ல, அவரும் சிரித்தார். என்னோடு வந்த கள அலுவலர் மட்டும் முகத்தை மாற்றாமல் மொழிபெயர்த்தார்: "இன்று சாயங்காலம் வரைக்கும் என்றால் எழுதித் தருகிறாராம், மேடம்."

அது 2015 அக்டோபர். தெற்கு சூடானுக்கு நான் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2011 ஜூலை 9 அன்று சுதந்திரம் பெற்ற நாடு, இரண்டரை வருடத்திலேயே, 2013 டிசம்பரில், உள்நாட்டுப் போரில் விழுந்தது. 2015 ஆகஸ்டில் ஜனாதிபதி சல்வா கீரும் எதிரணித் தலைவர் ரீக் மச்சாரும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அந்த நம்பிக்கையில் ஒதுக்கப்பட்ட பணத்தில் ஒரு திட்டம்: ஜூபாவிலும் யெய் நகரிலும் சிறு தொழில் செய்பவர்களுக்கு மானியம், பயிற்சி, பெண்களுக்குச் சேமிப்புக் குழுக்கள். அதற்குத் தலைமை தாங்கப் போனேன். நிறுவனத்தின் பெயரும் பணம் கொடுத்தவர்களின் பெயரும் இங்கே வேண்டாம்.

என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தர்மபுரி. 1989-இல் தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கிய மாவட்டம் அது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது ரொம்பப் பின்னால்தான். ஆனாலும் குழு, சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு எல்லாம் கைவந்த வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜூபா அந்த நினைப்பை ஒரு வருடத்தில் கழற்றிப் போட்டது.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்; அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. அப்போது அரசு விலையில் ஒரு டாலருக்கு 3 தெற்கு சூடான் பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. தெருவில் மாற்றினால் 15 பவுண்டைத் தாண்டும். எங்களைப் போன்ற நிறுவனங்கள் வங்கியில் அரசு விலைக்குத்தான் மாற்ற வேண்டும். ஆக, 10,000 டாலரைக் கொண்டுவந்து மாற்றினால் கையில் கிடைப்பது 30,000 பவுண்டுக்குள். அதை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனால் 2,000 டாலர் பெறுமானச் சரக்குதான் வாங்கலாம். மாவு, சர்க்கரை, எண்ணெய், சிமென்ட் எல்லாம் உகாண்டாவிலிருந்து நிமுலே எல்லை வழியாக லாரியில் வருகிறது. ஜூபாவிலிருந்து நிமுலேவுக்கு 192 கிலோமீட்டர். நாட்டின் முதல் நெடுந்தூரத் தார்ச்சாலை அதுதான். டாலருக்கு வந்து இறங்கும் சரக்கைத் தெருவிலையில்தானே விற்பார்கள்? மீதி 8,000 டாலர் எங்கே போனது என்று கேட்டால், அரசு விலையில் டாலர் வாங்கும் அனுமதி யாருக்கெல்லாம் இருந்ததோ அவர்களிடம் போனது. சிறு கடைக்காரரின் பெயரில் வந்த பணம் அவரைத் தொடுவதற்கு முன்பே முக்கால் பங்குக்கு மேல் கரைந்துவிட்டது.

2015 டிசம்பர் நடுவில் அரசு திடீரென்று நிலையான விலையைக் கைவிட்டு, சந்தையே விலை வைக்கட்டும் என்று பவுண்டை மிதக்கவிட்டது. ஒரே நாளில் டாலருக்கு 18.5. எங்களுக்கு இது நல்லது என்றுதான் முதலில் எல்லாரும் சொன்னார்கள். 10,000 டாலருக்கு இனி 1,85,000 பவுண்டு. ஆனால் நவம்பரில் நாங்கள் கொடுத்திருந்த மானியக் கடிதங்களெல்லாம் பவுண்டில் எழுதியவை. 30,000 என்றால் 30,000-தான். அந்தக் கடிதத்தில் எழுதிய தொகையைக் கொடுத்து முடிக்க எங்களுக்கு இப்போது 1,600 டாலர் போதும். தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: பட்ஜெட்டில் இவ்வளவு மிச்சம் எப்படி, செலவு ஏன் பின்தங்குகிறது?

கடிதம் வாங்கியவர்களில் ஒரு பேக்கரிக்காரர் இருந்தார். குடேலே பகுதியில் விறகு அடுப்பு, மாவு பிசைய ஜெனரேட்டரில் ஓடும் ஒரு பழைய இயந்திரம், ஐந்து பையன்கள். மானியத்துக்கு அவர் கேட்டது புதிய பிசையும் இயந்திரமும் மாவு மூட்டைகளும். நவம்பரில் கடிதம் கொடுத்தோம். மூன்று கொட்டேஷன் வேண்டும் என்ற விதியால் டிசம்பர் போயிற்று. ஒருவர் தந்த கொட்டேஷன் காலாவதியாவதற்குள் மற்ற இரண்டும் வந்து சேராது. ஜனவரியில் மறுபடி முதலிலிருந்து. பிப்ரவரியில் அவர் அலுவலகத்துக்கு வந்து கடிதத்தை என் மேஜையில் வைத்தார். கோபமாக இல்லை. "இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு லாரி வருகிறது. அதில் எத்தனை மூட்டை முடியுமோ வாங்கிக் கொடுங்கள், போதும்" என்றார்.

நான் வாங்கிக் கொடுக்கவில்லை. விதி இடம் தரவில்லை. ஏப்ரலில் சரக்கு அவர் கைக்குப் போனபோது 30,000 பவுண்டின் பெறுமானம் கடிதம் கொடுத்த நாளில் இருந்ததில் ஏறக்குறைய பாதி. இயந்திரம் இல்லை, மூட்டை மட்டும். அதில் யாரும் திருடவில்லை. தணிக்கையில் ஒரு குறைகூட வரவில்லை. கோப்பு பளபளவென்று இருந்தது.

அந்தக் கோப்புக்குப் பிறகுதான் கொள்முதல் விதியை மாற்றச் சொல்லி எழுத ஆரம்பித்தோம். நாங்கள் கேட்டது பெரிய விஷயமில்லை. மானியத்தை டாலரில் எழுத வேண்டும். திங்கள்கிழமைதோறும் மூன்று சந்தைகளில் விலை எடுத்து அலுவலகச் சுவரில் ஒட்டுவோம். அந்த விலைக்குள் இருந்தால் தனித்தனிக் கொட்டேஷன் தேவையில்லை. விண்ணப்பம் 14 பக்கத்திலிருந்து ஒரு பக்கமாக வேண்டும். பணமாகத் தராமல் கடைக்காரர் காட்டும் இடத்தில் சரக்காக வாங்கித் தருவோம். தெருவில் மூன்று பேர் சாட்சிக் கையெழுத்து, ஒரு படம். இதற்கு ஒப்புதல் வாங்க ஐந்து மாதம் பிடித்தது. ஐந்து மாதம் என்பது ஜூபாவில் எவ்வளவு பணம் என்பதை மேலே சொன்ன கணக்கை வைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

லாரி வாடகை தனித் தலைவலி. வழியில் இருக்கும் சோதனைச்சாவடிகளில் சில ரசீது கொடுக்கும், பல கொடுக்காது. ரசீது இல்லாத செலவைக் கணக்கில் எழுத முடியாது. கடைசியில், ஜூபாவில் கொண்டுவந்து இறக்கும் விலை என்று ஒரே தொகையாகப் பேசிக்கொண்டோம். வழியில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது லாரிக்காரர் பாடு. நேர்மையாகப் பார்த்தால், நாங்கள் அதைக் கண்ணால் பார்க்காமல் இருக்க ஏற்பாடு செய்துகொண்டோம், அவ்வளவுதான். இன்னொரு வழி எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

சேமிப்புக் குழுக்களில் கிடைத்த பாடம் வேறு விதம். அங்கே நாங்கள் கொண்டுபோனது ஆப்பிரிக்காவில் பரவலாக இருக்கும் பெட்டி முறை. 1991-இல் நைஜர் நாட்டில் கேர் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கியது. 20, 25 பெண்கள் சேர்ந்து வாரம் ஒரு தொகை போடுவார்கள். தகரப் பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று பேரிடம் சாவி. உள்ளே இருக்கும் பணத்தைத் தங்களுக்குள் கடனாகக் கொடுத்துக்கொள்வார்கள். ஒரு சுற்று முடிந்ததும் பெட்டியைத் திறந்து பங்கு பிரிப்பார்கள். தர்மபுரியில் எங்கள் குழுக்களுக்கு வங்கிப் புத்தகம்தான் கௌரவம். இங்கே அந்த இடத்தில் பெட்டி. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

2016 மார்ச்சில் ஒரு குழுவின் பங்கு பிரிப்புக்குப் போனேன். மரத்தடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், எனக்கு ஒரு தேநீர். அன்றைக்கு இருந்த பெரிய நோட்டே 100 பவுண்டுதான். எல்லா நோட்டிலும் விடுதலைப் போராட்டத் தலைவர் ஜான் கராங்கின் முகம். கட்டுக் கட்டாக எண்ணி முடிக்க இரண்டு மணி நேரம். ஒரு பெண் தன் பங்கை மடியில் வைத்துப் பார்த்தாள். போன வருடம் முதல் வாரம் போட்ட பணத்துக்கு ஒரு மூட்டை சோளம் வந்திருக்கும், இப்போது வட்டியோடு சேர்த்தும் அரை மூட்டைகூட வராது என்றாள். நாங்கள் சேமிக்கச் சொல்லிக் கொடுத்தோம், சேமிக்காதவள் பிழைத்தாள்.

அந்தப் பெண்களிடம் எங்கள் பெட்டிக்கு முன்பே ஒரு முறை இருந்தது. சந்தூக் என்பார்கள். நம்மூர்ச் சீட்டேதான், ஏலம் மட்டும் இல்லை. மாதம் ஆளுக்கு இவ்வளவு போட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் மொத்தத்தையும் எடுப்பது. விலை ஏறும் காலத்தில் முதலில் எடுப்பவருக்கு லாபம், கடைசியில் எடுப்பவருக்கு நாமம். டீ விற்கும் பெண்கள் இதை எப்படிச் சரிக்கட்டினார்கள் என்று பார்த்தேன். சீட்டைப் பணத்தில் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். மாதம் ஒரு சர்க்கரை மூட்டைக்கு என்ன விலையோ அதை எல்லாரும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். விலை ஏறினால் தவணையும் ஏறும். கடைசி ஆளுக்கும் ஒரு முழு மூட்டை. இதை யாரும் அவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லவில்லை. எங்கள் பயிற்சி வகுப்பில் அந்த வாரம் இருந்த தலைப்பு "வங்கிக் கணக்கின் நன்மைகள்".

எங்கள் பெட்டிகளையும் அப்படி மாற்றினோம். மாதாமாதம் சேர்ந்த பணத்தைச் சோப்பு, சர்க்கரை, சோளம் என்று வாங்கி வைத்து, பங்கைப் பொருளாகவே பிரிப்பது. சில குழுக்கள் ஆடு வாங்கின. ஒரு குழு யாரிடமும் சொல்லாமல் டாலர் வாங்கி வைத்திருந்தது; எங்களிடமும் சொல்லவில்லை. அந்த வருடம் அக்டோபரில் விலைவாசி உயர்வு 800 சதவீதத்தைத் தாண்டியபோது அந்தக் குழுத் தலைவி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

நடுவில் ஜூலை வந்தது. 2016 ஜூலை 7-ஆம் தேதி இரவு ஜூபாவில் கீர், மச்சார் படைகளுக்கு இடையே தொடங்கிய சண்டை 11-ஆம் தேதி வரை. எங்கள் வளாகத்தில் ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் ஒன்பது பேர் இருந்தோம். அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. நான் செய்த ஒரு முடிவை மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டவரை விமானத்தில் ஏற்றப் போகிறார்கள் என்று தெரிந்தது. உள்ளூர் ஊழியர்களுக்கு அந்த விமானத்தில் இடமில்லை. பெட்டகத்தில் டாலர் இருந்தது. இரண்டு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கொடுக்கலாமா என்று தலைமையகத்துக்கு எழுதினேன். பதில் வரவில்லை. வந்து சேர முடிந்தவர்களுக்குக் கொடுத்தேன், ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பின்னால் அது தணிக்கைக் குறிப்பாக வந்தது. பளபளப்பான கோப்பு வைத்திருந்தவளின் ஒரே கறுப்புப் புள்ளி. ஆனால் வேலைக்காலம் முழுவதிலும் நான் சரியான நேரத்தில் கொடுத்த ஒரே பணமும் அதுதான்.

செப்டம்பரில் திரும்பிப் போனபோது கொன்யோ கொன்யோவில் பல கடைகள் உடைக்கப்பட்டு வெறும் தகரமாக நின்றன. பேக்கரிக்காரர் இருந்தார். மாவைச் சண்டைக்கு முன்பே வீடு வீடாகப் பிரித்து வைத்திருந்தாராம். மூன்றாம் நாளே அடுப்பு மூட்டிவிட்டார். புதிய விதிப்படி அவருக்குப் பிசையும் இயந்திரம் வாங்கிக் கொடுத்தோம். விண்ணப்பித்ததிலிருந்து 11 நாள்.

யெய் பக்கம்தான் எங்களை மீறிப் போய்விட்டது. அதுவரை அமைதியாக இருந்த, நிலம் செழித்த ஊர். ஜூலைக்குப் பிறகு சண்டை அங்கே நகர்ந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாக உகாண்டாவுக்கு நடந்தார்கள். அங்கே யூம்பே மாவட்டத்தில் ஆகஸ்டில் திறந்த பிடி பிடி அகதிகள் குடியிருப்பில் சில மாதங்களிலேயே இரண்டரை லட்சத்துக்கு மேல் ஆட்கள். எங்கள் யெய் குழுக்களில் பாதிக்கு மேல் அங்கேதான் இருப்பதாக எங்கள் ஊழியர்கள் தொலைபேசியில் கண்டுபிடித்தார்கள். ஒரு குழு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போயிருந்தது. மூன்று சாவியில் ஒன்று வழியில் தொலைந்துவிட, பூட்டை உடைத்துத் திறந்து, உள்ளே இருந்ததை வைத்து எண்ணெய்ச் சட்டியும் மாவும் வாங்கி மந்தாசி என்ற எண்ணெய்ப் பலகாரம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அதே உறுப்பினர்கள், அதே கணக்கு நோட்டு.

எங்கள் திட்ட ஆவணத்தில் "தெற்கு சூடானுக்குள்" என்று இருந்தது. அவர்களுக்கு உதவ ஒரு ஷில்லிங் செலவழிக்க வழியில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். உகாண்டாவுக்கு வேறு பிரிவு, வேறு பட்ஜெட் என்றார்கள்.

2017 நடுவில் கிளம்புவதற்கு முன் கடைசி அறிக்கையை நிரப்பினேன். ஒவ்வொரு தொழிலுக்கும் நேரே இரண்டு கட்டம்: "இயங்குகிறது", "மூடப்பட்டது". மந்தாசிக் குழுவுக்கு எதை அடிப்பது என்று என் கள அலுவலர் கேட்டார். "இயங்குகிறது" என்று அடிக்கச் சொன்னேன். இடம் என்ற கட்டத்தில் யெய் என்று இருந்ததை அழித்து அவரே யூம்பே என்று தட்டினார். கணினி அந்தப் பெயரை ஏற்கவில்லை. பட்டியலில் இருக்கும் ஊர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. அந்த வரிசையை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனோம்.