வீட்டு லேத்தில் ஒரு பேனா: மூன்றாம் முயற்சியில் கூடியது

கோவை கணபதியில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன லேத் (கடைசல் எந்திரம்) போட்டிருக்கிறேன். அப்பா முப்பது வருடம் கடைசல் வேலை பார்த்தவர். அவர் கைக்கு நானே ஒரு பேனா கடைந்து கொடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

எல்லா அளவும் ரீஃபிலில் இருந்துதான் தொடங்குகிறது. பார்க்கர் வகை ரீஃபில் 98 மி.மீ. நீளம், தடிமன் 6 மி.மீ.க்குக் கொஞ்சம் உள்ளே. முனையை வெர்னியரில் (நுண்ணளவு எடுக்கும் கருவி) பிடித்தால் 2.35 வந்தது. அதனால் மூக்கில் 2.4 மி.மீ. ஓட்டை, உடலில் 6.2. மூக்கு, உடல், வால் என்று மூன்று துண்டு, மரை போட்டுச் சேர்ப்பது.

பித்தளை ராடில் தொடங்கிய முதல் பேனா டிரில் போடும்போதே போனது. 5 மி.மீ. ஓட்டையை 6.2க்குப் பெரிதாக்கும்போது பிட் பித்தளையைக் கவ்விக்கொண்டு தானாகவே உள்ளே பாய்ந்தது. லேத்தில் ராடைப் பிடித்திருக்கும் சக்கில் ராடு வழுக்கிச் சுழன்று ஆழமாகக் கோடு விழுந்துவிட்டது. சத்தம் கேட்டு அப்பா வந்து பிட்டை வாங்கிப் பார்த்தார். "ஏங்கண்ணு, இரும்புக்கு இருக்கற முனையவே பித்தளைக்கும் வெச்சா இழுக்காதா?" என்றார். எண்ணெய்க் கல்லை எடுத்து, வெட்டும் விளிம்பு இரண்டிலும் நேராக நான்கு தேய்ப்பு. விளிம்பில் நூல் அகலத்துக்கு ஒரு தட்டையான பளபளப்பு தெரிந்தது, அவ்வளவுதான். அதன் பிறகு பிட் கவ்வவே இல்லை. தூள் மட்டும் மணலாகக் கொட்டியது.

இரண்டாவது மரையில் போனது. கையில் M8×1 (8 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ.) உள்மரை வெட்டும் டேப்பும் வெளிமரை வெட்டும் டையும் இருந்ததால் அதையே போட்டேன். மூக்கை இறுக்கினேன், பிஸ்கட் மாதிரி உடைந்து மரை வளையம் உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது: M8×1 மரையின் அடி விட்டம் 6.8க்குக் கீழே, உள்ளே ஓட்டை 6.2, அப்படியென்றால் சுவர் வெறும் 0.3 மி.மீ. அலைந்து திரிந்து M9×0.75 செட் வாங்கினேன். உடலை 11 மி.மீ.க்கு வைத்தேன். இப்போது சுவர் 0.9. கணக்கை முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

எடையும் ஒரு பிரச்சினை. முழுக்கப் பித்தளை என்றால் ரீஃபில் இல்லாமலே 73 கிராம் வரும். ஒரு பக்கம் எழுதுவதற்குள் கை வலிக்கும். அதனால் மூன்றாவதில் உடல் மட்டும் அலுமினியம். 46 கிராமில் நின்றது. உடலுக்கு இரண்டு பக்கமிருந்தும் 39 மி.மீ. ஆழத்துக்கு டிரில் போட்டேன். நடுவில் லேசான படி விழுந்தது, ரீஃபிலுக்கு அது தடையில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இணைப்புதான். மூன்று துண்டையும் தனித்தனியாகக் கடைந்து சேர்த்தால் எங்காவது தட்டும். அதனால் வெளிப்பக்கத்தை 0.3 மி.மீ. கூடவே விட்டு, மரை முடியும் இடத்தில் சின்னப் பள்ளம் வெட்டி, எல்லாவற்றையும் இறுக்கி ஒரே பேனாவாக லேத்தில் பிடித்தேன். வால் சக்கில், மூக்கு எதிர்முனையில் கூடவே சுழன்று தாங்கும் ரிவால்விங் சென்டரில். பிறகு ஒரே ஓட்டமாகக் கடைசி வெட்டு. டூல் பித்தளையில் இருந்து அலுமினியத்துக்குத் தாண்டும்போது சத்தம் மாறியது: கரகரப்பு நின்று, ஒரு மெல்லிய சீறல். தூள் நின்று வெள்ளைச் சுருள் வர ஆரம்பித்தது. அந்த ஐந்து நிமிடத்துக்காகவே இன்னும் பத்துப் பேனா கடையலாம்.

அப்புறம் 400, 800, 1200 எமரி தாள், கடைசியில் பிராசோ பாலிஷ். ஓட்டை வாயில் இருந்த பிசிறைக் கையாலேயே எடுத்தேன்.

அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவில்லை, எழுதியும் பார்க்கவில்லை. கட்டை விரல் நகத்தை மூக்கில் இருந்து உடல் வரைக்கும் மெதுவாக ஓட்டினார். திருப்பி இன்னொரு தடவை ஓட்டினார். அப்புறம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "கிளிப் எப்போ போடுவே?" என்று கேட்டார்.